யோசனைக்கு அக்கா வைத்திருந்த சொல்

கேள்வியைத் தம்பி கையால் சொல்லி முடித்ததும், அக்கா தன் இரண்டு உள்ளங்கைகளையும் சாப்பாட்டு மேஜைமேல் விரித்து வைத்தாள். விரல்களை அகட்டி லேசாக அழுத்திக்கொண்டு, இரண்டு கைகளுக்கும் நடுவே எங்கோ பார்வையை நிறுத்தினாள். எதிரே உட்கார்ந்திருந்த அம்மாள் அந்தக் கைகளைப் பார்த்தாள், பிறகு தம்பியைப் பார்த்தாள்.

"என்ன தம்பி சொல்றாங்க?"

தம்பி என்றால் நாற்பதைத் தொடப்போகிற ஆள், லிஃப்ட் மெக்கானிக். அக்கா அவனைவிட ஐந்து வயது மூத்தவள். கைக்குழந்தையாக இருக்கும்போது வந்த காய்ச்சலோடு அவள் காது போயிற்று. அதன்பிறகு அந்த வீட்டில் ஒரு பாஷை முளைத்தது. யாரும் உட்கார்ந்து உண்டாக்கியதல்ல. வாடகை வாங்க வரும் வீட்டுக்காரர் என்றால் மீசை முறுக்கு, மழை என்றால் தலையில் முறம் பிடிப்பதுபோல ஒரு கை. தம்பியின் பெயர் மூக்கைப் புறங்கையால் துடைப்பது. சின்ன வயதில் சதா ஒழுகிக்கொண்டிருந்த மூக்கு அது. இரண்டு பிள்ளைகளுக்கு அப்பாவான பிறகும் அந்தப் பெயரை மாற்ற அக்கா சம்மதிக்கவில்லை.

யோசனைக்கு அந்தப் பாஷையில் இரண்டு சொற்கள் உண்டு. நெற்றியில் ஒற்றை விரலைத் தட்டினால் சில்லறை யோசனை. என்ன சமைப்பது, எந்தப் பஸ்ஸில் போவது என்கிற வகை. இரண்டு கைகளையும் விரித்து வைப்பது வேறு. அது அப்பாவிடமிருந்து வந்தது. அப்பா தையற்காரர். யாராவது விலை உயர்ந்த துணியைக் கொண்டுவந்து போட்டால், அளவெடுத்துச் சாக்பீஸால் கோடு போட்டதும் கத்தரிக்கோலைத் தள்ளி வைத்துவிட்டு, துணிமேல் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். சாப்பிடக் கூப்பிட்டாலும் வரமாட்டார். "கை வச்சுட்டாரு, இனிமே அவரை அசைக்க முடியாது" என்று அம்மா வாடிக்கையாளர்களைத் திருப்பி அனுப்புவாள். வெட்டிவிட்டால் திரும்ப ஒட்ட முடியாது என்கிற இடத்தில் வரும் யோசனை அது. தையல் மேஜையின் காலடியில் விளையாடிக்கொண்டிருந்த பெண் குழந்தை அதைப் பார்த்து எடுத்துக்கொண்டாள். பிற்பாடு பள்ளிக்கூடத்தில் யோசனைக்கு வேறொரு சைகை சொல்லிக்கொடுத்தார்கள். அதெல்லாம் கணக்குப் போடுவதற்குத்தான் ஆகும் என்று வீட்டுக்கு வந்து கையாலேயே கேலி செய்தாள்.

இப்போது அந்தச் சொல்லைத்தான் மேஜைமேல் வைத்திருந்தாள்.

வந்திருந்த அம்மாள், இரண்டு தெரு தள்ளிப் படங்களுக்கு ஃப்ரேம் போடும் கடைக்காரரின் தமக்கை; அவருக்குப் பெண் கேட்டு வந்திருந்தாள். கடைக்காரருக்கு மனைவி இறந்து சில வருஷமாகிறது. ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் இஸ்திரி போடுகிற அக்கா வேலைக்குப் போவது அந்தக் கடை வழியாகத்தான். தம்பி மகளோடு அவள் கையால் பேசிக்கொண்டு போவதைப் பார்த்துப் பார்த்து அவர் தானாகவே நாலு சொல் பிடித்து வைத்திருந்தார். அதில் மீசை முறுக்கை வணக்கம் என்று எடுத்துக்கொண்டுவிட்டார். தினமும் காலையில் ஒருவர் மிகுந்த மரியாதையோடு தன்னை வீட்டுக்காரர் என்று கூப்பிடுகிறார் என்பதைச் சொல்லும்போது அக்காவுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வரும். அவள் அதைத் திருத்தவில்லை. அவருக்குக் காற்றில் ஒரு சதுரம் வரைந்து பெயரும் வைத்தாயிற்று. பெயர் வைத்த அன்றே தம்பி சுதாரித்திருக்க வேண்டும்.

"யோசிக்கிறாங்க," என்றான் தம்பி.

"யோசிக்கட்டும், வேணாங்கல. ஆனா இன்னொரு இடத்துலயும் கேட்டு விட்டிருக்காங்க தம்பி. என் தம்பி என்னடான்னா இவங்களத்தான் கேக்கணும்னு ஒத்தக்கால்ல நிக்கிறான். இவங்களுக்கு மனசு இருக்கா இல்லையான்னு மட்டும் தெரிஞ்சா போதும். பின்னாடி இழுத்தடிச்சாங்கன்னு ஒரு பேச்சு வரக்கூடாது பாருங்க."

தம்பி அக்காவின் கைகளைப் பார்த்தான். அவை சும்மா இல்லை. விரல்கள் மெல்ல நகர்ந்து, இல்லாத ஒரு துணியின் சுருக்கத்தை நீவிக்கொண்டிருந்தன. வேண்டாத துணிமேல் அப்பாவின் கை கட்டைபோல் கிடக்கும். நல்ல சட்டை ஒன்று வரப்போகிறது என்றால்தான் இப்படி நீவும். அது தம்பிக்குத் தெரியும். உலகத்தில் அது தெரிந்தவர்கள் இப்போது அக்காவும் அவனும் மட்டும்தான்.

உள்ளறையில் சின்னவள் தூங்கிக்கொண்டிருந்தாள். அத்தையின் கைமேல் கை வைக்காமல் அவளுக்குத் தூக்கம் வராது. மனைவிக்கு மருந்துக் கம்பெனியில் மாறி மாறி ஷிப்ட். இவனை எந்நேரமும் எங்காவது நின்றுபோன லிஃப்டுக்குக் கூப்பிடுவார்கள். பள்ளிக்கூடச் சீருடை, அடுப்பு, காய்ச்சல் மருந்து எல்லாம் அக்கா. இதையெல்லாம் அவன் எண்ணிப் பார்த்தான் என்று சொன்னால் அவனுக்கு ரொம்ப மரியாதை கொடுத்ததாகிவிடும். அவன் எதையும் எண்ணவில்லை. வாய் தன் பாட்டுக்குத் திறந்தது.

"அவங்களுக்கு விருப்பமில்லம்மா."

அந்த அம்மாள் கோபித்துக்கொள்ளவில்லை. மேஜைமேல் இருந்த கையை எட்டித் தட்டிக்கொடுத்துவிட்டு எழுந்தாள். அக்கா நிமிர்ந்து, வெட்கத்தோடு சிரித்து, வாசல்வரை போய் வழியனுப்பினாள். அவளுக்கு எந்தச் சந்தேகமும் வரவில்லை. தன்னுடைய சொல் அப்படியே போய்ச் சேர்ந்திருக்கும் என்றுதான் இத்தனை வருஷமும் இருந்திருக்கிறாள்.

யோசித்தால் எப்படியும் வேண்டாம் என்றுதான் முடிப்பாள் என்று தம்பி தனக்குச் சொல்லிக்கொண்டான். மறுநாளே போய், "அவசரப்பட்டுட்டேன், கொஞ்சம் பொறுங்க" என்று சொல்லிவிட்டால் தீர்ந்துவிடும் என்றும் சொல்லிக்கொண்டான். மறுநாள் ஒரு லிஃப்டில் கயிறு மாற்ற வேண்டியிருந்தது. அதற்கடுத்த நாள் அந்தத் தெருமுனைவரை போய்விட்டு, ஏதோ மறந்தவன்போல் திரும்பி வந்தான். அக்கா யோசித்துக்கொண்டே இருந்தாள். இஸ்திரிப் பெட்டி சூடாகும்வரை துணிமேல் கை, மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவர்மேல் கை, தூங்கும் குழந்தையின் போர்வைமேல் கை. வீட்டில் எங்கே திரும்பினாலும் அந்தச் சொல் கண்ணில் பட்டது.

ஒரு சாயங்காலம் மனைவி பாத்திரம் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

"ஏங்க, அண்ணி அன்னைக்கே வேணாம்னு சொல்லிட்டாங்கன்னு தானே சொன்னீங்க?"

"ஆமா."

"வேணாம்னு முடிவு பண்ணவங்க எதுக்கு இன்னும் யோசிக்கிறாங்க?"

அவள் துடைத்த பாத்திரத்தையே மறுபடி துடைத்தாள்.

"ஃப்ரேம் கடைக்காரருக்கு வேற இடத்துல பொண்ணு முடிவாயிடுச்சாம். பால் வாங்கப் போனப்ப சொன்னாங்க," என்றாள். பிறகு அவன் பக்கம் திரும்பாமலே, "அவங்க இங்கயே இருந்தா எனக்குந்தான் சௌகரியம். அதனால நான் சந்தோஷப்படணுமா என்னன்னு தெரியல," என்றாள்.

அவனுக்கு, அவள் திட்டியிருந்தால் பரவாயில்லை என்றிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை அக்கா வெளியே கட்டும் புடவையில் வந்து நின்றாள். தலை வாரி, நெற்றியோரத்து நரையை உள்ளே ஒதுக்கி விட்டிருந்தாள். காற்றில் ஒரு சதுரம் வரைந்தாள். அதை இரண்டு கைகளாலும் பிடித்து எடுத்துத் தன் மார்போடு வைத்துக்கொண்டாள். இதற்குமுன் அந்த வீட்டில் யாரும் அப்படி ஒரு சொல்லைச் சொன்னதில்லை. ஆனாலும் புரியாமலிருக்க வழியில்லை. நீ போய்ச் சொல்லிவிட்டு வா என்றாள்.

தம்பி கைகளைத் தூக்கினான். நான் அன்றைக்கே, என்று ஆரம்பித்தான். அதற்குமேல் கை ஓடவில்லை. பொய்க்கு அவர்களிடம் சொல் இருந்தது, திருட்டுக்கு இருந்தது. உன்னிடம் கேட்டதற்கு உனக்குப் பதிலாக நானே சொல்லிவிட்டேன் என்பதற்கு இருக்கவில்லை. தேவைப்படும் என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். கண் கலங்கி நின்றவனைப் பார்த்து அக்கா, தன்னைப் பிரிகிற துக்கம் என்று நினைத்துக்கொண்டாள். அவன் கன்னத்தைத் தட்டினாள். இரண்டு தெருதானே, என்றாள். நீ இரு, நானே சொல்கிறேன் என்று சொல்லி, செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கிவிட்டாள்.

அவன் வெறுங்காலோடு கீழே ஓடினான். ஞாயிற்றுக்கிழமை என்பதால் தெரு நிறையப் பேர். அக்கா அதற்குள் தையல் மெஷின் ரிப்பேர் கடையைத் தாண்டியிருந்தாள். அவள் இவ்வளவு வேகமாக நடந்து அவன் பார்த்ததே இல்லை. எதிரே ஒரு லாரி பின்பக்கமாக வந்து வழியை அடைத்துக்கொண்டது. அந்தப் பக்கம் போக முடியாமல் அவன் அதன் ஓரமாக நின்று, அடிவயிற்றிலிருந்து கத்தினான்.

"அக்கா! அக்கா, நில்லு!"

சைக்கிளில் போனவன் காலூன்றித் திரும்பினான். மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். காய் வாங்கிக்கொண்டிருந்தவர்கள், லாரி டிரைவர், யார் யாருக்கோ அக்காவானவர்கள், தெருவே திரும்பிப் பார்த்தது. அவள் மட்டும் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னே போய்க்கொண்டிருந்தாள்.