படத்தில் போட்டிருந்த சட்டை

கையில் பால் டம்ளரை வைத்துக்கொண்டு தெய்வாத்தாள் தன் சொந்த வீட்டு ஹாலுக்குள் வழி கேட்டு நின்றாள்.

"கொஞ்சம் காலை மடக்குங்க தம்பி. கட்டிலுக்குப் போகோணும்."

யார் காதிலும் விழவில்லை. கருப்புப் பனியன்காரர்கள் தரை தெரியாமல் உட்கார்ந்து டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எல்லார் முதுகிலும் ‘உப்பாறு – கடைசிப் பயணம்’ என்று எழுதியிருந்தது. அந்த முதுகுகளுக்கு அப்பால், டிவிக்கு நேர் எதிரே இழுத்துப்போட்ட கட்டிலில், அவள் புருஷன் திருமூர்த்தி தலையணைகளில் சாய்ந்து மூச்சை இழுத்துக்கொண்டிருந்தார். இனி செய்வதற்கு ஒன்றுமில்லை, வீட்டில் வைத்து அவர் கேட்பதைக் கொடுங்கள் என்று கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். அவர் கேட்டது இந்தப் படத்தைத்தான்.

உப்பாறு என்பது பெரியநாயக்கன்பாளையத்துப் பையன்கள் நாலு பேர் கிதாரும் உறுமியுமாக ஆரம்பித்த பாட்டுக் குழு. பையன்கள் என்று சொன்னாலும் இப்போது அவர்களுக்கும் தலை நரைத்துவிட்டது. போன வருஷம் ஊர் ஊராகப் போய்க் கடைசிக் கச்சேரிகள் நடத்திவிட்டு, போதும் என்று கலைந்துவிட்டார்கள். அந்தக் கடைசிப் பயணத்தைத்தான் யாரோ ஆவணப்படமாக எடுத்து இன்றைக்கு வெளியிட்டிருந்தார்கள்.

தெய்வாத்தாளுக்கு அந்தக் குழுவைக் கண்டாலே ஆகாது. சும்மாவா? கல்யாணமான நாளிலிருந்து அவளுக்கு அது சக்களத்தி. வெள்ளகோவிலில் வீட்டை ஒட்டிய தறிக்குடோனை நிறுத்திப்போட்டு, அந்தப் பீடை பிடித்த கருப்புப் பனியனை மாட்டிக்கொண்டு இந்த மனுஷன் போகாத கச்சேரி கிடையாது. மகள் பிரவீனாவின் காதுகுத்துக்கு, கொடுமுடிக் கச்சேரி முடிந்து அதே பனியனோடு வந்து நின்றார். தோடு போட்டு, பந்தியும் முடிந்திருந்தது. தாய்மாமன் முகத்தில் எப்படி விழிப்பது என்று அன்றைக்கு அவள் சமையல்கட்டுக்குள் போய் அழுதாள்.

இப்போது அதே வீட்டில் இவர்கள் உட்கார்ந்து அழுகிறார்கள். திரையில் பாட்டுக்காரர் ஒருத்தர் கிதாரைப் பெட்டியில் வைத்து மூடினார். உடனே தடித்தடி ஆம்பிளைகள் பனியனைத் தூக்கி மூக்கைத் துடைத்தார்கள். ஒருத்தன் பக்கத்தில் இருந்தவனின் தோளில் சாய்ந்து குலுங்கினான். பாட்டு நின்றதற்கு அழுகிறான்கள், மூச்சு நிற்கப்போகிறவன் கைக்கெட்டும் தூரத்தில் கிடக்கிறான், ஒருத்தனாவது திரும்பிப் பார்த்தானா என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மடங்காத கால்களைத் தாண்டி, இரண்டொரு கையை மிதித்தே கட்டிலுக்குப் போனாள்.

பால் ஊற்றுவதென்றால் முதலில் கட்டினவள் கையால். அதையாவது யாருக்கும் விட்டுத்தருவதாக இல்லை அவள்.

தலைமாட்டில் இருந்த பிரவீனா நகர்ந்து இடம் கொடுத்தாள். திருமூர்த்தி டம்ளரைப் பார்க்கவில்லை. கண் டிவியிலேயே இருந்தது.

"வந்துட்டனா அம்மிணி?"

அவர் காலையிலிருந்து கேட்பது இது ஒன்றைத்தான். தான் படத்தில் வந்தாயிற்றா என்று. தை மாதம் படக்காரர்கள் இந்த வீட்டுக்கே வந்து அவரைப் பேட்டி எடுத்துக்கொண்டு போனார்கள். அதற்குப் பிறகுதான் நோவு இன்னதென்று தெரிந்தது. அன்று முதல் மருந்து மாத்திரைக்கெல்லாம் சேர்த்து அவர் சொன்ன பதில், படம் வரட்டும் என்பதுதான். அந்த ஒரு ஆசையில்தான் உசிர் ஒட்டிக்கொண்டிருந்தது.

"இல்லீங்க. இனிமேத்தான்" என்றாள் தெய்வாத்தாள்.

பாலைச் சூடாக்க மறுபடி சமையல்கட்டுக்குப் போனபோது ரியாஸ் பின்னாலேயே வந்தான். முகமது ரியாஸ் பஸ் ஸ்டாண்டில் பேக்கரி வைத்திருப்பவன், இந்த ரசிகர் கூட்டத்துக்கெல்லாம் தலைவன். தண்ணீர் கேட்கத்தான் வந்தான் என்று செம்பை எடுத்தாள். அவன் வாங்கவில்லை.

"அக்கா, நான் விடியக்காலையே படத்தப் பாத்துட்டனுங்க. அண்ணன் அதுல இல்லீங்க."

"இல்லீன்னா என்னங்க?"

"எடுத்ததையெல்லாம் வெட்டிப்போட்டாங்க. பேருகூடப் போடலீங்க."

செம்பைத் திண்டிலேயே வைத்துவிட்டாள். தெரிந்துகொண்டேவா கூட்டத்தைக் கூட்டிக்கொண்டு வந்தான் என்று கேட்டாள். காலையில் வந்து சொல்லிவிடத்தான் நினைத்தானாம். வாசலில் வண்டிச் சத்தம் கேட்டதும் அண்ணன் கட்டிலில் இருந்தே, வா ரியாசு, படத்தைப் போடு என்றாராம். அதற்கப்புறம் வாய் வரவில்லையாம்.

"நல்லாப் பண்ணுன போ" என்றாள் தெய்வாத்தாள். இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட அவனை அவள் ‘ங்க’ போடாமல் பேசியதில்லை.

ஏன் வெட்டினார்கள் என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. பேட்டி எடுத்த அன்றைக்கு வெள்ளாட்டுக்கறி ஆக்கிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். டிவியில் வரப்போகிறீர்கள், அந்தக் கருப்பைக் கழற்றுங்கள் என்று சண்டை போட்டு, புது வெள்ளைச் சட்டை போட்டுவிட்டவளும் அவள்தான். ஒரு பையன் வந்து காலரைக் கடித்துக்கொள்கிற மாதிரி ஒரு சின்ன மைக்கை மாட்டினான். படம் எடுக்க வந்த பெண் கேட்டாள், இனி உப்பாறு பாடாது, உங்களுக்கு எப்படி இருக்கிறது என்று.

"நல்லாருக்கட்டுங்க. அவிகளுக்கும் வயசாச்சுதுங்களே."

வருத்தமில்லையா, அழவில்லையா என்று அந்தப் பெண் கிளறிக் கிளறிக் கேட்டாள். "அட, அதெல்லாம் ஒன்னுமில்லீங்க. மொதல்ல சாப்புடுங்க, கறி ஆறுது" என்றார். விருந்துக்கு வந்தவர்கள் முன்னால் கண்ணைக் கசக்கலாமா? யார் எது சொன்னாலும் ஆமாங்க, சரிங்க என்பதுதான் அவர் பேச்சு. அவர்கள் கார் ஏறிப் போனபிறகு, தறியை நிறுத்திப்போட்டு குடோனுக்குள் உட்கார்ந்து பொழுது சாயும்வரை அழுதார். தெய்வாத்தாள் கதவருகே நின்று பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் திரும்பி வந்துவிட்டாள்.

"அழுதவனெல்லாம் படத்துல வந்துபோட்டான்" என்றாள் அடுப்பைப் பார்த்துக்கொண்டு.

ரியாஸ், டிவியை அணைத்துவிடலாமா என்று கேட்டான். அணைத்தால் அவருக்குப் புரிந்துவிடாதா? கூறுகெட்டவனே என்று மனதுக்குள் வைதுவிட்டு, பாலும் ஸ்பூனுமாக ஹாலுக்கு வந்தாள். இந்தத் தடவை தாங்களாகவே வழி விட்டார்கள்.

கட்டில் விளிம்பில் அவர் காதோரமாக உட்கார்ந்தாள். மூச்சுக்கும் மூச்சுக்கும் நடுவில் இடைவெளி விழுந்துகொண்டிருந்தது. திரையில் போன வருஷத்துக் கொடுமுடிக் கச்சேரி ஓடியது. கூட்டத்தைப் பின்னாலிருந்து காட்டினார்கள். கருப்பு முதுகுகளுக்கு நடுவே வெள்ளைச் சட்டைக்காரர் ஒருத்தர் கையைத் தூக்கி ஆடினார்.

"ஏனுங்க, அங்க பாருங்க. வெள்ளச் சட்ட. நீங்கதான், வந்துட்டீங்க."

முன்னால் இருந்த இரண்டு பேர் திரும்பினார்கள். தெய்வாத்தாள் அவர்களை ஒரு பார்வை பார்த்தாள். டிவி பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

திருமூர்த்தி திரையைப் பார்த்தார். அதற்குள் வேறு காட்சி வந்துவிட்டது. பிறகு டிவியை விட்டுவிட்டு அவள் முகத்தைப் பார்த்தார். காலையிலிருந்து இப்போதுதான் பார்த்தார்.

"ஆமா அம்மிணி" என்றார். "நாந்தான்."

கடைசிப் பாட்டு தொடங்கியது. ஹால் முழுக்க விசும்பினார்கள். அவள் ஒரு ஸ்பூன் பாலை அவர் வாயில் விட்டாள், உள்ளே இறங்கியது. இரண்டாவது ஸ்பூன் உதட்டிலேயே தங்கி, கடைவாய் வழியாக ஒழுகித் தலையணையில் இறங்கியது. "அம்மா" என்றாள் பிரவீனா. தெய்வாத்தாள் முந்தானையால் அவர் வாயைத் துடைத்தாள். யாரோ டிவியை அணைத்தார்கள்.

அதற்கப்புறம் அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்தார்கள், அழுகை எழுந்தது. வாசலில் பந்தல் போட்டார்கள். பங்காளிகள் குளிப்பாட்டத் தண்ணீர் கொண்டுவந்தபோது, துணி எடுக்க அவள் பீரோவைத் திறந்தாள். மேல்தட்டு முழுக்கக் கருப்புப் பனியன்கள். அவள் துவைத்துத் துவைத்தே வெளுத்துப்போனவை. இந்த மனுஷன் ஒரு நாளாவது வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கச்சேரிக்குப் போயிருக்கிறாரா? காதுகுத்துக்கே கருப்பில் வந்து நின்ற ஆள். அங்கே ஆடியது தான் இல்லையென்று அவருக்குத் தெரியாமலா போயிருக்கும்? தெரிந்துதான் அவள் முகத்தைப் பார்த்தார். தெரிந்துதான் ஆமாம் என்றார். போகிற நேரத்தில்கூட அவள் பேச்சைத் தட்டவில்லை. பாவி மனுஷன்.

ரியாஸ் ஒரு புதுப் பனியனை மடிப்புக் கலையாமல் இரண்டு கையிலும் வைத்துக்கொண்டு வந்தான். அவன் பின்னால் கூட்டம் நின்றது.

"அக்கா, அண்ணனுக்கு இதப் போட்டுடலாங்களா?"

தெய்வாத்தாள் பீரோவின் அடித்தட்டிலிருந்து அந்த வெள்ளைச் சட்டையை எடுத்து உதறினாள்.

"வேண்டாங்க. படத்துல இதத்தான போட்டிருந்தாரு?"

"ஆமாங்க்கா" என்றான் ரியாஸ். "இதத்தானுங்க போட்டிருந்தாரு" என்றான் அவன் பின்னால் நின்றவன்.

குளிப்பாட்டி முடித்ததும் சட்டையை அவளே போட்டுவிட்டாள். பொத்தானைக் கழுத்துவரை மாட்டினாள். மைக் கடித்த இடத்தில் காலர் மடங்கியே இருந்தது. விரலை எச்சில் தொட்டு அந்த மடிப்பை நீவிவிட்டாள். அது நிமிரவில்லை. மறுபடி நீவினாள்.