வீட்டில் விட்டுவந்த கார்

பேருந்து நிற்காமல் போனதுகூட அவளுக்குப் பெரிதாகப் படவில்லை. நிற்காமல் போகும் பேருந்துகளை அவள் நிறையப் பார்த்தவள். உள்ளேயிருந்து சிரித்துக்கொண்டே கையசைத்தார்களே, அதுதான் பொறுக்கவில்லை.

பேருந்து முழுக்கப் பச்சைத் தொப்பிகள். அவள் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடித் தொழிற்சாலையின் மேலாளர் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பின்னால் கணக்குப் பிரிவு, விற்பனைப் பிரிவு என்று அதிகாரிகள் மொத்தமும் சுற்றுலா போகிற பள்ளிப் பிள்ளைகள் மாதிரி நெருக்கியடித்துக்கொண்டு இருந்தார்கள். மேலாளர் தலையை வெளியே நீட்டி, "இன்னிக்கு நாங்களும் உங்களோடதான்!" என்று கத்தினார். ஓட்டுநர் இடமில்லை என்று கையை விரித்துக் காட்டிவிட்டு வண்டியை ஓட்டிக்கொண்டு போய்விட்டார்.

"எங்களோடதான்னு சொல்லிட்டு எங்களை விட்டுட்டுப் போறாரே, இது எந்த ஊர் நியாயம்?" என்றாள் கூட நிறுத்தத்தில் நின்ற ஊசி. அவளுக்கு அந்தப் பெயர் வந்தது உடம்பால் அல்ல, வாயால்.

"கார் இல்லாத காலைன்னு சாப்பாட்டு அறையில ஒட்டியிருந்தாங்களே, அது இன்னிக்குத்தானா?" என்றார் மாமா. பொட்டலம் கட்டும் பிரிவில் இருப்பவர். தொழிற்சாலையில் எல்லாருக்குமே அவர் மாமாதான்.

அவளும் அந்தத் தாளைப் பார்த்திருந்தாள். காரை வீட்டில் விட்டுவிட்டு வாருங்கள், புகையைக் குறையுங்கள் என்று இருந்தது. நம்மைச் சொல்லவில்லை என்று நகர்ந்துவிட்டாள். நம்மையும் நிறுத்தத்திலேயே விட்டுவிடுவார்கள் என்று யார் கண்டது?

கண்ணாடிகளை விளக்குக்கு எதிரே பிடித்துக் கீறல் தேடுவது அவள் வேலை. முடியளவு கீறல்கூட அவளிடமிருந்து தப்பாது என்பதால் பூதக்கண்ணாடி என்று கூப்பிடுவார்கள். அந்தக் கண் இப்போது சாலையையே துளைத்துக்கொண்டிருந்தது. அடுத்த பேருந்துக்கு அரைமணி நேரம் ஆகும். இந்த மாதம் ஏற்கெனவே இரண்டு தாமதம் விழுந்திருந்தது. ஒன்று மழையால், இன்னொன்று வழியில் நின்றுபோன பேருந்தால். மூன்றாவது விழுந்தால் அடுத்த மாதம் முழுக்க மாலை ஷிப்டுக்கு மாற்றிவிடுவார்கள்.

மாலை ஷிப்ட் என்றால் தம்பி நடக்கப் போக முடியாது. விபத்துக்குப் பிறகு அவனுக்குக் கால்களை மறுபடி பழக்குகிற பயிற்சி, பிற்பகலில் மட்டும்தான். வீட்டு ஆள் ஒருவர் கூடவே நிற்க வேண்டும். வீட்டு ஆள் என்றால் அவள் ஒருத்திதான். கம்பியைப் பிடித்தபடியே மாதக்கணக்கில் நின்றவன், இப்போதுதான் அதை விட்டுவிட்டுப் பார்க்கத் தொடங்கியிருக்கிறான். நடுவில் ஒரு மாதம் நின்றுபோனால் பட்ட பாடெல்லாம் வீண் என்று பயிற்சியாளர் சொல்லியிருந்தார்.

அரைமணி என்பது ஒரு பேச்சுக்குத்தான். பேருந்து அதற்கும் மேலே ஆடி அசைந்து வந்தது.

தொழிற்சாலை வாசலில் பச்சைத் தோரணம் கட்டியிருந்தார்கள். அதிகாரிகள் பழரசக் குவளையோடு நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். விற்பனைப் பிரிவுக்காரர் ஒருவர், பேருந்தில் தன்னை யாரோ முழங்கையால் இடித்த கதையை ஏதோ போரிலிருந்து திரும்பியவர் மாதிரி விவரித்துக்கொண்டிருந்தார். அவள் வருகை அட்டையைத் தேய்த்தாள். இயந்திரம் சிவப்பாக எரிந்தது.

ஷிப்ட் கண்காணிப்பாளர் உதட்டைப் பிதுக்கினார். "மூணாவது, பூதக்கண்ணாடி."

"சார், பஸ்ல எங்களுக்கு இடமே இல்ல. இவங்கதான் உட்கார்ந்திருந்தாங்க."

"எனக்குத் தெரியுதும்மா. மெஷினுக்குத் தெரியுமா?"

"அவங்களும்தான் இன்னும் உள்ளே போகாம ஜூஸ் குடிச்சிட்டு நிக்கிறாங்க. அவங்களுக்கும் சிவப்பு எரிஞ்சுதா?"

"திட்டத்துல இருக்கிறவங்களுக்கு இன்னிக்கு ஒரு மணி நேரம் சலுகை. பஸ்ல வந்து பழக்கமில்லாதவங்க இல்லையா, பாவம்."

பாவம் என்ற அந்தச் சொல் காதில் விழுந்ததும் அவள் திரும்பி நடந்தாள். ஊசியும் மாமாவும் பின்னாலேயே ஓடினார்கள். பணியாளர் பிரிவு அறையில் தனியாக உட்கார்ந்திருந்த மேடம் பச்சைத் தொப்பிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"எங்களுக்கும் அந்தச் சலுகை வேணும் மேடம்."

"அது காரை விட்டுட்டு வந்தவங்களுக்கு மட்டும்தான்."

"நான் வேலைக்குச் சேர்ந்த நாள்லேர்ந்து பஸ்லதான் வர்றேன்."

மேடம் கெட்டவர் அல்ல. குழந்தைக்குச் சொல்லிக்கொடுக்கிற மாதிரி இதமாகத்தான் சொன்னார். "அதான்மா. அப்போ நீங்க எதையும் விட்டுக்கொடுக்கலையே?"

 பேருந்தில் கம்பியைப் பிடித்துத் தொங்கியபடி தூங்கப் பழகியதும், மழையில் நனைந்த செருப்போடு நாள் முழுக்க நின்றதும், கடைசிப் பேருந்தைப் பிடிக்க ஓடிய ஓட்டமும் எந்தக் கணக்கிலும் வரவில்லை. ஒரே ஒரு நாள் காலையில் அதே பேருந்தில் ஏறியவர்களுக்குத் தொப்பி, பழரசம், கைதட்டல். எதையாவது விட்டுக்கொடுக்க வேண்டுமென்றால் முதலில் அதை வைத்திருக்க வேண்டும் போலிருக்கிறது.

"எனக்கும் கார் இருக்கு," என்றாள்.

ஊசி வாயைப் பிளந்தாள். அவள் வாய் சத்தமில்லாமல் திறந்து யாரும் பார்த்ததில்லை.

"உங்க பேர்லயா?"

"என் பேர்லதான்."

பொய் இல்லை. தம்பிக்கு வேலை நிரந்தரம் ஆகாததால் அவள்தான் கையெழுத்துப் போட்டு வாங்கிக் கொடுத்தாள். குளிர்பதனக் கிடங்கில் அவனுக்கு வேலை. வேலை முடிகிற நேரத்துக்குப் பேருந்து கிடையாது. கூடப் போக ஆளும் கிடையாது. தனியாக ஓட்டிக்கொண்டு வந்தவன் ஒருநாள் கண் அசந்துவிட்டான், பாலத்துச் சுவர் காத்துக்கொண்டிருந்தது. அந்த நேரத்துக்கு ஒரே ஒரு பேருந்து விட்டிருந்தால் அவன் அதில் வாயைத் திறந்துகொண்டு தூங்கியிருப்பான், நிறுத்தம் தாண்டிப் போயிருப்பான், அக்காவிடம் திட்டு வாங்கியிருப்பான். கார் இப்போது வீட்டுப் பக்கத்தில் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது. அதன் எண்ணை அவள் அன்றிலிருந்து வாயால் சொன்னதில்லை.

இப்போது சொன்னாள். மேடம் கணினியில் தட்டினார்.

"ஓடுற வண்டிதானே?"

"வீட்டுல விட்டுட்டு வந்த வண்டி எப்படி மேடம் ஓடும்?"

மேடத்தின் விரல் ஒரு நொடி நின்றது. "இல்ல, வழக்கமா ஓடுமான்னு கேட்டேன்."

"ஓடணும்னு திட்டத்துல போட்டிருக்கா?"

போட்டிருக்கவில்லை. மேடம் திரையை மேலும் கீழும் தேடிப் பார்த்துவிட்டு அடுத்த வரிக்குப் போனார். "கூட வர்றவங்க யாராவது?"

அவள் ஊசியையும் மாமாவையும் காட்டினாள். "இவங்க ரெண்டு பேரும்."

"தினமும் உங்க கார்லயா வர்றாங்க?"

"கார்ல வந்தா என் கார்லதான் வருவாங்க."

"நான் முன் சீட்டு," என்றார் மாமா அவசரமாக. "பின்னாடி உட்கார்ந்தா எனக்குத் தலை சுத்தும்."

"ஆமா, ஜன்னலை வேற மூட விடமாட்டாரு," என்றாள் ஊசி.

 முன்சீட்டு என்று ஒன்று இப்போது அதில் இல்லை என்பது மாமாவுக்குத் தெரியாது.

அன்றைய தாமதம் மூவருக்குமே அழிந்தது. திட்டத்தில் ஒரு கார் கூடியதில் மேடத்துக்கு உள்ளூர மகிழ்ச்சிதான். மூன்று தொப்பிகளை எடுத்து நீட்டினார். அந்த நேரம் பார்த்து மேலாளர் உள்ளே வந்தார்.

"அடடே, புதுசா மூணு பேரா! பிரமாதம்! இனிமே மாசா மாசம் இதை நடத்தப் போறோம்."

மாசா மாசம். அவள் தொப்பியை மேசைமேல் வைத்தாள்.

"நடத்துங்க சார். ஆனா நீங்க வர்ற அன்னிக்கு இன்னொரு பஸ் கேட்டு வாங்கிட்டு நடத்துங்க."

"என்னம்மா?"

"இன்னிக்கு எங்களை நிறுத்தத்துல விட்டுட்டு வந்தீங்க. நீங்க கையை ஆட்டுனீங்க, நான் பார்த்தேன். பஸ் கிடைக்கலேன்னா உங்க கார்லயே வாங்க. தினமும் எங்க நிறுத்தத்தைத் தாண்டித்தான் வர்றீங்க. நாலு பேர் உட்கார்ற வண்டியில ஒருத்தரா வர்றீங்க. மழையில நாங்க நிக்கிறப்போ ஒருநாள், ஒரே ஒருநாள், நிறுத்தியிருக்கீங்களா சார்? அதுக்கு ஒரு திட்டம் போடுங்களேன்."

 மேலாளரின் சிரிப்பு முகத்திலேயே இருந்தது, இறக்கிவைக்க இடம் தெரியாதது மாதிரி. "நல்ல யோசனை," என்றார் கடைசியில். "எழுதி ஆலோசனைப் பெட்டியில போடுங்க." கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே வெளியே போய்விட்டார்.

"போச்சு," என்று மாமா முணுமுணுத்தார். "ஷிப்டைக் காப்பாத்த வந்துட்டு வேலைக்கே வேட்டு வச்சுட்டியே."

"சும்மா இருங்க மாமா," என்றாள் ஊசி. "நான் சொல்ல வேண்டியதை இவ சொல்லிட்டாளேன்னு எனக்கே பொறாமையா இருக்கு."

அன்று அவள் வழக்கத்தைவிட அதிகமான கண்ணாடிகளைக் கழித்துப் போட்டாள். எல்லாவற்றிலும் கீறல் இருந்தது. ஷிப்ட் முடிந்து வெளியே வந்தபோது வாசலில் கார்கள் வரிசையாக நின்றன. வீட்டில் விட்டுவந்த கார்களை ஓட்டுநர்களை அனுப்பி வரவழைத்திருந்தார்கள். திட்டம் காலைக்கு மட்டும்தானாம். அவள் நின்று பார்க்கவில்லை, பேருந்துக்கு ஓடினாள்.

பயிற்சி நிலையத்தில் தம்பி கம்பிகளுக்கு நடுவே நின்றிருந்தான். அவள் முகத்தைப் பார்த்ததுமே, "யாரைக்கா கடிச்சிட்டு வந்தே?" என்றான்.

அவள் சொன்னாள். காரைச் சொல்லும்போது மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டாள்.

அவன் கம்பியைப் பிடித்தபடியே கேட்டுக்கொண்டிருந்தான். பிறகு, "அந்த மாமாகிட்ட முன் சீட்டு வேணாம்னு சொல்லு," என்றான். சிரிக்கப் பார்த்தான். பாதிதான் வந்தது. "வா, நடக்கலாம்."

அவள் பின்னால் போய் நின்றாள். அவன் கம்பியிலிருந்து கையை எடுத்தான். அவள் அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்தாள்.

"பிடிக்காதீங்க," என்றார் பயிற்சியாளர். "பக்கத்துல இருந்தா போதும்."

அப்போதுதான் தன் கையைப் பார்த்தாள். காலையிலிருந்து மூடிய கை இன்னும் திறக்கவே இல்லை போல, விரல்கள் வெளுத்து இறுகியிருந்தன. ஒவ்வொன்றாகத்தான் பிரிக்க முடிந்தது. கடைசி விரல் விடுபட்டதும் சட்டை கையை விட்டு நகர்ந்தது. தம்பி முன்னால் போய்க்கொண்டிருந்தான்.