கழுத்தைத் திருப்பும் முன்

1

இந்தக் கதை என் கழுத்தில் தொடங்கியது. கொஞ்ச நாளாக வலப்பக்கம் திரும்ப முடியவில்லை. தெருவைக் கடக்கும்போது கார் வருகிறதா என்று பார்க்க உடம்பையே சுற்றினேன். ஞாயிற்றுக்கிழமை சேப்பல் ஆராதனையில் பக்கத்து இருக்கைக்காரரைப் பார்த்துப் புன்னகைக்க வேண்டுமானால் இடுப்பிலிருந்து திரும்ப வேண்டியிருந்தது. ஏதோ வழக்குக்கு வந்தவன்போல் அவரை முறைத்தேன் என்று பிறகு சொன்னார்.

நான் குடியேறிய இந்த வெளிநாட்டு ஊரின் பல்கலைக்கழகத்தில் ஆஸ்டியோபதி படிக்கிறவர்கள் நடத்தும் சிகிச்சை நிலையம் ஒன்று உண்டு. எலும்பையும் தசையையும் கையால் தடவிப் பார்த்து, அழுத்தி, நீவி, சில நேரம் சொடக்கெடுத்துச் சரிசெய்வார்கள். செய்வது மாணவர்கள், ஓர் ஆசிரியர் பக்கத்தில் நின்று பார்ப்பார். எனக்கு வாய்த்த மாணவி நெரிஸ். நான்காம் ஆண்டு. கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டாள். என்னை மல்லாக்கப் படுக்கவைத்தாள். தலைமாட்டில் நின்று என் தலையை இரண்டு உள்ளங்கைகளிலும் ஏந்திக்கொண்டாள்.

ஏந்தியவள் அப்படியே நின்றுவிட்டாள்.

கண்ணை உயர்த்திப் பார்த்தேன். தலைகீழாகத் தெரிந்த அவள் முகம் வெளுத்திருந்தது. "மன்னிச்சுக்கோங்க," என்றாள். "முதல்லேர்ந்து மறுபடி கேக்கிறேன்."

ஏன் என்று அன்றைக்குச் சொல்லவில்லை. பிறகு சொன்னாள். அவள் வகுப்புத் தோழன் ஹவெலும் சொன்னான். எழுதிக்கொள்ள இருவருமே அனுமதி தந்தார்கள், பெயரை மட்டும் மாற்றச் சொல்லி. மாற்றியிருக்கிறேன். ஹவெலுக்குத் தன் புதுப் பெயர் பிடிக்கவில்லை.

2

எப்படித் தொடங்குவது என்று சில தாள்களைக் கிழித்தேன்.

முதல் தொடக்கம்: "ஆம்புலன்ஸின் நீல விளக்கு வகுப்பறைச் சன்னலில் சுழன்று சுழன்று—"

வேண்டாம். யாராவது செத்துப்போவார்களோ என்று வாசகரை மிரட்டியே கூட்டிப்போக எனக்கு மனம் வரவில்லை. இப்போதே சொல்லிவிடுகிறேன்: யாரும் சாகவில்லை. அதற்காக நான் கடவுளுக்கு நன்றி சொல்லாத நாளில்லை. ஆனால் யாரும் சாகாத கதையிலும் ஒருவருக்கு உயிர் போய் உயிர் வரும்.

இரண்டாம் தொடக்கம்: "நெரிஸ் இந்தப் படிப்புக்கு வருமுன் பார்லரில் பெண்களுக்கு முடி கழுவி வெட்டிவிடும்—"

இது தேவைப்படும். ஆனால் பிறகு.

மூன்றாவது, முதல் நாள் வகுப்பு. இதை வைத்துக்கொள்கிறேன்.

"எல்லாரும் உடுப்பைக் கழட்டிட்டு உள்ளாடையோட வரிசையா நில்லுங்க," என்றார் ஆசிரியை பிரிச்சர்ட் மேடம். பாடம் என்னவென்றால், மனிதர் நிற்கும் விதத்தைப் பார்ப்பது. பார்ப்பதற்கு உடம்பு வேண்டும். இருப்பது அவர்கள் உடம்புதான். நான்கு வருடமும் ஒருவர்மேல் ஒருவர்தான் பழகுவார்கள்.

முப்பத்து நாலு வயது நெரிஸ், இரண்டு பிரசவத்தின் தையல் தழும்போடு, பள்ளி முடித்து வந்த பிள்ளைகளுக்கு நடுவே நின்றாள். அப்படியே கதவைத் திறந்து கடற்கரைவரை ஓடிவிடலாமா என்று இருந்ததாம். பக்கத்தில் ஓர் ஆறடிப் பையன். ஆட்டுக்குட்டிப் படம் போட்ட ஜட்டி.

"அக்கா, பார்வை மேலயே இருக்கட்டும்," என்றான் அவன். "ஆடுங்களுக்குக் கூச்சம் ஜாஸ்தி."

அதுதான் ஹவெல். நெரிஸ் சிரித்துவிட்டாள். ஓடவில்லை. அன்றிலிருந்து இருவருக்கும் பயிற்சிக்கு ஒரே சிகிச்சை மேசை.

(அவன் அவளைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவான், இந்த ஊர் வழக்கம் அது. தமிழில் அப்படிக் கூப்பிடவைக்க எனக்குக் கை வரவில்லை. 'அக்கா' என்று போட்டிருக்கிறேன். அவன் குரலில் அது இருந்தது என்றுதான் நினைக்கிறேன்.)

3

கழுத்தில் சொடக்கெடுப்பது மூன்றாம் ஆண்டில் வரும். தலையைச் சற்றுச் சாய்த்து, திருப்பி, இனிமேல் திரும்பாது என்ற இடத்தில் நிறுத்தி, சின்னதாக, வேகமாக ஒரு தள்ளு. அதற்குமுன் கேட்டே ஆகவேண்டிய கேள்விகள் உண்டு. தலைவலி இருக்கா? தலைசுற்றல்? பார்வையில் ஏதாவது? முகத்தில் மரத்துப்போனதுபோல்? சமீபத்தில் அடி ஏதாவது? கேட்காமல் கழுத்தைத் தொட்டால் பிரிச்சர்ட் மேடம் வெளியே அனுப்பிவிடுவார்.

ஆகையால் எல்லாரும் கேட்டார்கள். ஒவ்வொரு வகுப்பிலும், அதே ஆளிடம், அதே கேள்விகளை. பதில் சொல்கிறவருக்கும் அலுத்துவிட்டது. அலுப்பிலிருந்து ஒரு விளையாட்டு முளைத்தது: யார் பெரிய நோயாகச் சொல்வது என்று.

"செவ்வாக்கிழமைலேர்ந்து நான் கர்ப்பம்," என்பான் ஹவெல். "ரெட்டைப் புள்ள. ரெண்டும் உள்ள ரக்பி ஆடுது."

"அப்ப மெதுவாத் திருப்புறேன்," என்பாள் நெரிஸ்.

வெளியாள் யாரிடமும் இவர்கள் இப்படிச் செய்யமாட்டார்கள். தங்களுக்குள் மட்டும்தான். ஒருவர் முதுகை ஒருவர் மனப்பாடமாக அறிந்தவர்களுக்கு, இன்றைக்கு இந்த உடம்பில் புதிதாக ஒன்று வந்திருக்கலாம் என்று தோன்றாமல் போய்விட்டது.

அந்தத் திங்கட்கிழமையும் அவள் கேட்டாள். அவனும் மேசையில் படுத்தபடி சொன்னான்.

"தலைவலின்னா தலைவலி, அப்படி ஒரு தலைவலி. வலது இமை வேலைநிறுத்தம். சனிக்கிழமை மேட்ச்ல ஒரு தடியன் என் கழுத்தைக் கழட்டி வீட்டுக்கு எடுத்துட்டுப் போகப் பாத்தான்."

சுற்றியிருந்த மேசைகளில் எல்லாரும் சிரித்தார்கள். அவ்வழியே போன பிரிச்சர்ட் மேடம், "இமை மட்டுந்தானா? உன் மூளை மூணு வருஷமா வேலைநிறுத்தம்தானேப்பா," என்றார். சிரிப்பு இன்னும் பெரிதானது. நெரிஸும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அவன் தலையை ஏந்தினாள். சாய்த்தாள். திருப்பினாள். இனிமேல் திரும்பாது என்ற இடத்துக்கு வந்து நின்றாள்.

மிச்சம் இருந்தது அந்தச் சின்னத் தள்ளு.

4

[இங்கே என் பேனா நின்றது.]

ஒரு நாள் மனதைக் கல்லாக்கிக்கொண்டு வேறு மாதிரி எழுதிப் பார்த்தேன். "சொடக்கு கேட்டது. ஹவெலின் இடது கை மேசையின் ஓரத்திலிருந்து மெல்ல நழுவி—"

அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. முடிக்கவும் மாட்டேன். கிழித்தும் போடவில்லை, அது எவ்வளவு பக்கத்தில் நின்றது என்று உங்களுக்கும் தெரியட்டும்.

நடந்தது இது. இதற்குத்தான் அந்த இரண்டாம் தொடக்கம்.

பார்லரில் முடி கழுவும்போது வாடிக்கையாளர் தலையைப் பின்னால் சாய்த்துத் தொட்டியில் வைப்பார். நெரிஸ் கழுத்தின்கீழ் ஒரு கையைக் கொடுத்து, "தண்ணி சூடு சரியா இருக்கா, கண்ணு?" என்று கேட்பாள். பதில் வரும்வரை குழாயைத் திருப்பமாட்டாள். அங்கே யாரும் அதைப் பெரிதாக எண்ணியதில்லை. சொல்லப்போனால், இவளால் நேரமாகிறது என்று முதலாளியம்மா முணுமுணுத்ததுண்டு. அந்தப் பழக்கம் இங்கேயும் வந்துவிட்டது. கையில் ஒரு தலை வந்தால் நாக்கில் அந்தக் கேள்வியும் வந்துவிடும். வகுப்பே அதற்காக அவளைக் கிண்டல் செய்யும். ஹவெல், "இன்னும் கொஞ்சம் ஷாம்பூ போடுங்க," என்பான்.

அன்றைக்கும் வந்தது. "தண்ணி சூடு சரியா இருக்கா?"

பதில் இல்லை.

அவள் காத்திருந்தாள். பழக்கதோஷம்தான், வேறு காரணமில்லை என்று என்னிடம் அடித்துச் சொன்னாள்.

"அக்கா," என்றான் ஹவெல். குரல் மிகவும் சின்னதாக இருந்தது. "நான் சொன்னது நெஜம்."

"எது?"

"எல்லாம்."

அவள் குனிந்து அன்றைக்கு முதல்முறையாக அவன் முகத்தைப் பார்த்தாள். வலது இமை பாதிக்கண்ணை மூடியிருந்தது. அந்தக் கண்ணின் பாப்பா மற்றதைவிடச் சிறியதாக, ஒரு கடுகுபோல் இருந்தது. அவள் இதைப் படித்திருக்கிறாள். பரீட்சையில் எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறாள்.

கையை உதறி எடுக்கச் சொன்னது மனசு. எடுக்கவில்லை. நிறைகுடத்தைத் திருப்புவதுபோல அந்தத் தலையை நடுவுக்குக் கொண்டுவந்தாள். இரண்டு பக்கமும் துண்டைச் சுருட்டி வைத்தாள். அப்புறந்தான் கத்தினாள். "மேடம்!"

5

மருத்துவமனையில் படமெடுத்துப் பார்த்தார்கள். கழுத்து ரத்தக்குழாயின் உட்சுவர் கிழிந்திருந்தது. ரக்பி ஆட்டத்தில் நேர்ந்தது. ரத்தம் கட்டாமலிருக்க மருந்து ஏற்றினார்கள். அந்தக் கிழிசலின்மேல் ஒரு தள்ளு விழுந்திருந்தால் பக்கவாதமே வந்திருக்கலாம்.

"நல்லவேளை, இதுல யாரும் கழுத்தைத் திருப்பலையே?" என்று கேட்டார் டாக்டரம்மா.

"நான் திருப்பினேன்," என்றாள் நெரிஸ்.

"எவ்வளவு?"

அவள் வெறுங்காற்றில் இரண்டு கைகளையும் நீட்டி, இல்லாத தலையொன்றை ஏந்தி, சாய்த்து, திருப்பி, அந்த இடத்தில் நிறுத்திக் காட்டினாள். நடைவழியில் போன ஒருவர் நின்று பார்த்தார்.

டாக்டர் அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். "அங்கயே நிறுத்திட்டீங்களா?"

"ஆமா."

"அப்ப போய் ஒரு டீ குடிம்மா."

குடிக்கவில்லை. நீட்டிய கைகளை மடக்க முடியாமல் அவள் வெகுநேரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கேட்டேனே, அவன் சொன்னானே, நான் சிரித்தேனே. இதையே திரும்பத் திரும்ப.

(ஹவெலிடம் கேட்டேன்: அவ்வளவு வலியை ஏனப்பா வேடிக்கையாகச் சொன்னாய்? "பயமா இருந்தது," என்றான். "மொகத்தை நேரா வெச்சுட்டுச் சொன்னா அது நெஜமாயிடுமே.")

6

பிரிச்சர்ட் மேடத்தை நான் முதலில் தவறாக எழுதிவிட்டேன். "அவர் எல்லாப் பழியையும் மாணவியின் தலையில்—" என்று ஒரு வரி. கதைக்குக் கெட்டவர் ஒருவர் தேவைப்பட்டது. படித்துப் பார்த்த நெரிஸுக்குக் கோபமே வந்துவிட்டது.

"அவங்களுக்கு என்ன ஆச்சுன்னு தெரியாம எழுதாதீங்க."

நடந்தது இதுதான். மறுநாள் வகுப்பில் பிரிச்சர்ட் மேடம் எல்லார் முன்னாலும் வந்து நின்றார். "அவன் சொன்னது என் காதுல விழுந்தது. நானும் சிரிச்சேன். கூட ஒரு ஜோக்கும் சொன்னேன்," என்றார். மேசை விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். நெரிஸ்தான் எழுந்துபோய், சர்க்கரை தூக்கலாக ஒரு டீ கொண்டுவந்து கொடுத்தாள்.

அந்த டீயைக் கொடுத்துவிட்டு மருத்துவமனைக்குப் போனாள், படிப்பை விடப்போகிறேன் என்று ஹவெலிடம் சொல்ல. பார்லரில் பழைய இடம் இன்னும் காலியாகத்தான் இருந்தது.

ஹவெல் கழுத்தை அசைக்காமல் படுத்திருந்தான். "கிட்ட வராதீங்க. தலை நாறுது. சனிக்கிழமைச் சேறு இன்னும் காதுக்குப் பின்னாடி இருக்கு."

சொல்ல வந்ததை அவள் சொல்லவில்லை. நர்ஸிடம் போய் அனுமதி கேட்டாள். கழுத்தை மட்டும் அசைக்கக் கூடாது என்றார் நர்ஸ். கிண்ணத்தில் வெந்நீரும் ஒரு துவாலையும் வாங்கிவந்து, நனைத்துப் பிழிந்து, முடியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் துடைத்தாள்.

"தண்ணி சூடு சரியா இருக்கா?"

"இல்லக்கா. ஆறிப்போச்சு."

துவாலை கையிலேயே நின்றது. மூன்று வருடத்தில் அந்தக் கேள்விக்கு அவன் தந்த முதல் நேரான பதில். அவள் போய் வேறு தண்ணீர் கொண்டுவந்தாள்.

"இப்ப?"

"இப்ப சரி." கொஞ்சம் கழித்துச் சொன்னான்: "விட்டுட்டுப் போயிடாதீங்க. மத்தவங்க கையெல்லாம் ஐஸு."

அவள் போகவில்லை. கதை இங்கேயே முடிந்திருந்தால் நான் ஒரு ஜெபத்தோடு எழுந்திருப்பேன். ஆனால் அவள் அதற்குப்பின் எந்தக் கழுத்தையும் திருப்பவில்லை. முதுகு, இடுப்பு, முழங்கால் எல்லாம் செய்தாள். கழுத்துவலி என்று யாராவது வந்தால் வேறொருவருக்குத் தள்ளிவிடுவாள். ஹவெல் ஓராண்டு பின்தங்கித் திரும்பி வந்தான்; இமை மட்டும் இன்றைக்கும் ஒரு நூல் தாழ்ந்திருக்கிறது. அவளுடைய கடைசி ஆண்டும் வந்தது. கழுத்தைக் கையாளத் தெரிகிறதென்று ஆசிரியர் பார்த்து ஒப்புக்கொள்ளாவிட்டால் பட்டம் இல்லை. இனியும் தள்ள முடியாது என்று பிரிச்சர்ட் மேடம் சொன்ன அன்று காலை, ஒருவர் உடம்பையே சுற்றித் திரும்பியபடி கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார்.

நான்தான்.

7

மறுபடியும் அந்த மேசை. என் தலை அவள் கைகளில். சுவரோரம் பிரிச்சர்ட் மேடம்.

இதற்கு மூன்று முடிவுகள் எழுதினேன். ஒன்றில் சொடக்கு கேட்கிறது, நான் எழுந்து வலப்பக்கம் திரும்பிப் பார்க்கிறேன், எல்லாரும் கண்ணீர்— வேண்டாம், மிகவும் இனிக்கிறது. இன்னொன்றில் அவள் தலையை மெல்லக் கீழே வைத்துவிட்டு வெளியே போகிறாள். அதை எழுதிய அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மூன்றாவதில் அவள் திருப்பவே இல்லை. நீவியே வலியைப் போக்குகிறாள், அதுவும் தேர்ச்சிதான் என்கிறார் மேடம். இது நடந்திருக்கக்கூடியது. நடந்ததா என்று என் வாயால் சொல்லமாட்டேன்.

நிச்சயமாகத் தெரிந்தது ஒன்று உண்டு. அவள் முதலிலிருந்து மறுபடி கேட்டாள். தலைவலி இருக்கா? தலைசுற்றல்? எனக்கு நாக்கு நுனியில் 'ஒண்ணுமில்ல' என்பது தயாராக இருந்தது. நம்மவர்களுக்கு அது எப்போதும் தயாராக இருக்கும்.

"சும்மா ஒண்ணுமில்லைன்னு சொல்லாதீங்க," என்றாள் நெரிஸ். "யோசிச்சுச் சொல்லுங்க. நான் இப்படியே பிடிச்சுட்டு இருக்கேன்."

அவள் கை இளஞ்சூடாக இருந்தது.

வாசகரே, நான் எழுந்து இடம் விடுகிறேன். நீங்கள் வந்து படுங்கள். செருப்பைக் கழற்றிவிடுங்கள், தலையை அந்தக் கைகளில் வையுங்கள், பாரத்தை முழுக்கக் கொடுங்கள். அவள் கேட்டுவிட்டாள். அடுத்து என்ன செய்வாள் என்பது நீங்கள் சொல்லப்போவதைப் பொறுத்தது.

உண்மையைச் சொல்லுங்கள். எவ்வளவு நேரமானாலும் அவள் காத்திருப்பாள்.