அறுபத்து மூன்று என்னும் கண்ணி

தேர்வாணையம் விடைக்குறிப்பை வெளியிட்டபோது அக்கா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். தம்பிதான் முதலில் பார்த்தான். பார்த்தவன் செல்போனைத் தரையில் கவிழ்த்து வைத்தான். அவளுக்கு அதுவே போதுமாக இருந்தது.

"எதுடா போச்சு?"

"கலங்கரை விளக்கம்."

ஈரச் சட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே வந்தாள். "அறுபத்தொண்ணு தானே?"

"அறுபத்து மூணுன்னு போட்டிருக்கான்."

"விளையாடாதே. எனக்கு இன்னும் ரெண்டு பக்கெட் துணி இருக்கு."

அவன் விளையாடவில்லை. கலங்கரை விளக்கக் குழு தன் அறிக்கையை அளித்த ஆண்டு எது? விடை: இ, அறுபத்து மூன்று. அக்கா தன் வினாத்தாளை எடுத்து வந்து பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். அவள் பென்சிலால் வட்டமிட்டிருந்தது அ. அறுபத்தொன்று. சட்டையிலிருந்து நீர் சொட்டி வினாத்தாளில் விழுந்தது. அவள் துடைக்கவில்லை.

இது அவளுடைய கடைசித் தேர்வு. அடுத்த மாதம் வயது வரம்பைத் தாண்டிவிடுவாள். முதல் சுற்றில் தேறினால்தான் அடுத்த சுற்று. யார் யாரோ கணித்த கட்டாஃப் எல்லாவற்றையும் கூட்டிக் கழித்துப் பார்த்ததில் அவள் மதில் மேல் பூனையாக நின்றாள். இந்த ஒரு கேள்வி சரியென்றால் உள்ளே விழுவாள். தவறென்றால் அந்த மதிப்பெண்ணும் போய், தவறான விடைக்கான கழிவும் சேர்ந்து, வெளியே விழுவாள்.

"நீ என்கிட்ட சொன்னது எது?" என்று கேட்டாள்.

"அறுபத்தொண்ணுதான் நிஜம்னு சொன்னேன்."

"அறுபத்து மூணு?"

"அது நான் வச்சது."

தம்பி படிப்பைப் பாதியில் விட்டவன். டயர் கடைக்கு மேல்மாடியில் பிளைவுட் தடுப்புகளால் அறைகள் பிரித்து நடக்கும் ஒரு பயிற்சி மையத்தில் வேலை. மாதாமாதம் பொது அறிவுக் கையேடு ஒன்று எழுத வேண்டும். எந்த மலை எவ்வளவு உயரம், எந்தக் குழுவுக்கு யார் தலைவர், யாருக்கு எந்த விருது. பரீட்சை எழுதுகிறவர்கள் தவிர உலகத்தில் யாருக்கும் தேவைப்படாத சங்கதிகள். கையேடு கடைக்கு வந்த வாரமே மற்ற மையங்கள் அதை அப்படியே தட்டச்சு செய்து, அட்டையை மட்டும் மாற்றி, தங்கள் கையேடாக விற்றுவிடும். மையத்தின் டைரக்டருக்கு இதில் வயிறு எரிந்தது. ஒருநாள் அவர்தான் வழி சொன்னார்.

"ஒவ்வொரு மாசமும் ஒரே ஒரு பொய் வை. எவனும் கேட்கவே மாட்டான்கற இடமாப் பார்த்து வை. அது அவன் புக்குல வந்துச்சுன்னா குரல்வளையைப் பிடிச்சுடலாம்."

அதற்கு அவர் வைத்த பெயர் கண்ணி. பொய் அடுத்தவன் கையேட்டில் அச்சாகி வந்ததும் போனில் கூப்பிட்டு நாறடிப்பார். அவர்கள் வெட்கப்பட்டதாகத் தெரியவில்லை. ஆனால் டைரக்டருக்கு அன்றைக்கு நன்றாகப் பசிக்கும்.

வீட்டில் அது ஒரு வேடிக்கையாக இருந்தது. கையேடு வந்ததும் அக்கா, "இந்த மாசம் எந்தப் பொய்?" என்பாள். அவன் காட்டுவான். அவள் பென்சிலால் அடித்துவிட்டு நிஜத்தை மேலே எழுதிக்கொள்வாள். இரண்டு வருடங்களுக்கு முன்னால் ஒரு மாதம் கலங்கரை விளக்கக் குழு. அதைவிட எவனுக்கும் வேண்டாத குழு ஒன்றை அவனால் கண்டுபிடிக்க முடியவில்லை. அன்றைக்கு அதற்காகப் பெருமைப்பட்டான்.

அக்கா படிக்கப் போகும் படிப்பகத்தின் மேசைகளில் ஒரு விதி உண்டு. ஒரு புக்கு சொன்னால் வதந்தி, மூணு புக்கு சொன்னால் உண்மை. சந்தேகம் வந்தால் மூன்று கையேடுகளைப் பிரித்து வைத்து ஒப்பிட வேண்டும். மூன்றும் ஒரே கையேட்டைப் பார்த்து எழுதியவை என்று யாரும் நினைப்பதில்லை. அறுபத்து மூன்று அப்படித்தான் பரவியது. கையேட்டிலிருந்து கையேட்டுக்கு, அங்கிருந்து இணையத்துக்கு, அங்கிருந்து வினாத்தாள் தயாரித்த யாரோ ஒருவரின் மேசைக்கு. அவரும் ஒரு காலத்தில் இப்படியொரு படிப்பகத்தில் உட்கார்ந்து மூன்று புத்தகங்களைப் பிரித்து வைத்தவராகத்தான் இருப்பார்.

ஆக, தெரியாமல் எழுதியவர்களுக்கெல்லாம் மதிப்பெண். தெரிந்து எழுதியவளுக்குக் கழிவு.

அப்பா தன் பூட்டு ரிப்பேர் கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். "ஏதோ ஆன்சர் கீ வரும்னு சொன்னியே, வந்துடுச்சா?"

"வந்துடுச்சுப்பா. பூட்டுதான் திறக்கல" என்றாள் அக்கா.

அவர் இருவர் முகத்தையும் பார்த்துவிட்டுச் செருப்பைத் தேடினார். அது காலில்தான் இருந்தது.

ஆட்சேபம் தெரிவிக்க மறுநாள் மாலைவரை நேரம் இருந்தது. அச்சிட்ட ஆதாரம் இணைக்க வேண்டும். அவர்களிடம் இருந்த எல்லாக் கையேடுகளிலும் அறுபத்து மூன்று. தம்பி வண்டியை எடுத்துக்கொண்டு நூலகத்துக்கு ஓடினான். அரசு வெளியீடுகளுக்கென்று பின்பக்கம் ஓர் அறை உண்டு. குழுவின் அறிக்கை இருக்க வேண்டிய இடத்தில், அலமாரியில் ஓர் இடைவெளி இருந்தது. இரண்டு பக்கத்துப் புத்தகங்களும் அதன்மேல் சாய்ந்து கிடந்தன.

"அதுவா? பைண்டிங்குக்குப் போயிருக்கு" என்றார் நூலகர்.

"எப்ப வரும் சார்?"

"நான் இங்க வேலைக்குச் சேர்றதுக்கு முன்னாடி போனது தம்பி. நீங்களே பார்த்துக்கோங்க."

அறுபத்தொன்றை அவன் எடுத்தது ஒரு பழைய ஆண்டுமலரிலிருந்து. அது பயிற்சி மையத்தில்தான் இருந்தது. போன வருடம் மையத்துக்கு வெள்ளையடித்தபோது பழைய பேப்பர் கடைக்குப் போய்விட்டது. அந்தக் கடைக்கும் போனான். கடைக்காரர் மூட்டைகளைக் காட்டினார். கூரைவரை இருந்தன. அவன் ஒரு மூட்டையை அவிழ்த்தான், இன்னொன்றை அவிழ்த்தான். திருமணப் பத்திரிகைகள், மருந்துச் சீட்டுகள், யாரோ ஒரு பிள்ளையின் கணக்கு நோட்டு. மூன்றாவது மூட்டையில் கையை விட்டபோது கடைக்காரர் மெதுவாகச் சொன்னார்: "போன வருஷச் சரக்கு இங்க இருக்குமா தம்பி? அதெல்லாம் கூழாகி, அட்டையாகி, செருப்புப் பெட்டியாவே ஆகியிருக்கும்."

பேப்பர் தூசியோடு டைரக்டர் அறைக்குப் போனான். மையத்தின் பெயர் அச்சிட்ட தாளில் ஒரு கடிதம் போதும். இது எங்கள் கண்ணி, அறுபத்து மூன்று என்பது பொய் என்று இரண்டு வரி.

டைரக்டர் கதவைச் சாத்தினார். பிளைவுட் கதவைச் சாத்துவதில் அர்த்தமில்லை என்பதால் குரலையும் தாழ்த்திக்கொண்டார்.

"நம்ம பசங்க அத்தனை பேரும் அறுபத்து மூணு போட்டிருக்காங்க. நம்ம புக்கைப் பார்த்து. நான் லெட்டர் குடுத்தா அத்தனை பேருக்கும் ஆப்பு. அப்புறம் அவங்க அப்பன் ஆத்தால்லாம் இந்த மாடிப்படி ஏறி வருவாங்க. யாருக்கு, உங்க அக்கா ஒருத்திக்காகவா?"

"அவ ஒருத்திதான் சார் சரியா எழுதியிருக்கா."

"சரின்னா என்னய்யா? கீல இருக்கறது சரி. கீல இல்லாதது தப்பு. இத்தனை வருஷமா மைக் வச்சு இதைத்தானே கத்திக்கிட்டிருக்கேன், உன் காதுல விழலையா?"

"நானே எழுதிக் குடுக்கறேன்."

"குடு. அப்படியே ராஜினாமாவும் எழுதிடு. ஒரே பேப்பர்ல முடிச்சுடலாம், மரம் மிச்சம்."

வீட்டுக்கு வந்து எழுதினான். அக்கா எதிரில் உட்கார்ந்து ஒவ்வொரு சொல்லாகப் பிடுங்கினாள்.

"'தவறுதலாக'ன்னு எழுதாதே. எழுத்துப் பிழைன்னு தள்ளிடுவான். 'தெரிந்தே புனைந்தேன்'னு போடு."

"அதைப் படிச்சா என்னை உள்ள தூக்கிப் போடப் போறான்கா."

"போட்டா நல்லது. கோர்ட்ல சொன்னா பதிவாயிடும். ஆதாரம் ஆயிடும்."

அவள் கேலி செய்யவில்லை என்பது அவனுக்குத் தெரிந்தது. அன்று காலையிலிருந்து அவள் சாப்பிடவில்லை. அப்பா சுவரோரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் வேணா ஒரு கையெழுத்துப் போடட்டுமா?" என்றார்.

"எதுக்குப்பா?"

"சாட்சிக்கு. இவன் சின்ன வயசிலேருந்தே பொய் சொல்லுவான்னு."

யாரும் சிரிக்கவில்லை. ஆனால் அக்கா கடிதத்தின் அடியில் அவருக்கு இடம் விட்டாள். அவர் நிஜமாகவே கையெழுத்திட்டார்.

அனுப்பிவிட்டுக் காத்திருந்தார்கள். அக்கா படிப்பகத்துக்குப் போகவில்லை. அங்கே அவளுக்குப் பக்கத்து இருக்கைக்காரன், எப்போதும் மின்விசிறிக்குக் கீழேயே இடம் பிடிப்பதால் ஃபேன் சீட் என்று பெயர் வாங்கியவன், போன் செய்தான். ஸ்பீக்கரில்தான் பேசினாள்.

"அக்கா, நான் உள்ள போயிடுவேன் போலருக்கு. அந்தக் கலங்கரை விளக்கம்தான் காப்பாத்துச்சு. உங்களுக்கு அது ஓகேதானே?"

"ஓகேடா."

"மூணு புக்கு பார்த்தேன்கா. மூணுலயும் இருந்துச்சு. நீங்க சொல்லிக் குடுத்ததுதானே?"

"ஆமா. நான்தான் சொல்லிக் குடுத்தேன்."

போனை வைத்த பிறகு வெகுநேரம் அவள் தன் கட்டை விரல் நகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். தம்பி வேறு அறைக்குப் போக நினைத்தான். வீட்டில் வேறு அறை இல்லை.

பதில் ஒரு மத்தியானம் வந்தது. அக்காதான் உரக்கப் படித்தாள், செய்தி வாசிப்பதுபோல ஏற்ற இறக்கம் இல்லாமல். ஆட்சேபம் நிபுணர் குழுவால் பரிசீலிக்கப்பட்டது. தனிநபரின் கடிதம் ஆதாரமாகக் கருதப்படாது. கீழ்க்காணும் வெளியீடுகளின்படி விடை உறுதி செய்யப்படுகிறது. கீழே மூன்று புத்தகங்கள். இரண்டு, மற்ற மையங்களுடையவை. முதலில் இருந்தது அவனுடைய கையேடு, பக்க எண்ணோடு.

"மூணு புக்கு" என்றாள்.

தம்பி, பொய் சொன்னேன் என்கிறான். அவன் பொய்யைச் சாட்சிக்கு வைத்து, இல்லை நீ சொன்னது உண்மைதான் என்கிறார்கள்.

"திரும்ப எழுதிப் பார்க்கலாம்கா. கேஸ் போடலாம்."

"எதை வச்சு? உன் மூஞ்சியை வச்சா?" அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும். வினாத்தாளை நான்காக மடித்து, ஆடிக்கொண்டிருந்த மேசைக்காலுக்கு அடியில் செருகினாள். மேசையை ஒருமுறை அசைத்துப் பார்த்தாள். ஆடவில்லை. பிறகு அப்பாவிடம் கேட்டாள். "கடைக்கு ஆள் வேணும்னு சொன்னீங்களே. வேற யாரையும் வச்சுட்டீங்களா?"

முதல் சுற்று முடிவு வந்தபோது அவள் எண் இல்லை. ஃபேன் சீட்டின் எண் இருந்தது.

தம்பியை டைரக்டர் வேலையைவிட்டுத் தூக்கவில்லை. தூக்கத்தான் இருந்தார். ஆணையத்தின் பதில் எப்படியோ அவர் கைக்கு வந்தது. மறு வாரமே டயர் கடைக்கு மேலே கட்டடத்தின் பாதியை மூடிப் பதாகை தொங்கியது. 'தேர்வாணையமே ஆதாரம் காட்டிய ஒரே மையம்.' ஒரே என்பது பொய். அதைப்பற்றி யாரும் ஆட்சேபம் தெரிவிக்கவில்லை. சேர்க்கைக்குப் படிக்கட்டில் கூட்டம் நின்றது.

"போனதை நினைச்சு உக்காந்திருக்காதே" என்றார் டைரக்டர். "மாசக் கடைசி. இந்த மாசக் கண்ணி எங்கே?"

அவன் ஒரு வரியை எழுதி நீட்டினான். அவர் படித்தார். திரும்பவும் படித்தார். பிறகு மேசையைத் தட்டிச் சிரித்தார்.

"கலங்கரை விளக்கமேவா! அறுபத்தொண்ணு! ஆணையமே இல்லேன்னு சொன்ன வருஷம். இதைவிட உறுதியான பொய் எவனுக்குக் கிடைக்கும்? ஆளு தேறிட்டேய்யா."

கையேடு அச்சாகி வந்ததும் தம்பி ஒன்றை எடுத்துக்கொண்டு பூட்டுக் கடைக்குப் போனான். கடை என்றால் ஒரு மேசை, ஒரு சாவி வெட்டும் இயந்திரம், சுவர் முழுக்க வெட்டாத சாவிகள். அப்பா எங்கோ கதவு திறக்கப் போயிருந்தார். அக்கா அரம் பிடித்து ஒரு சாவியின் பல்லைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். விரல் நுனிகள் கறுத்திருந்தன. அந்தப் பதிலுக்குப் பிறகு அவர்கள் உப்பு, தண்ணீர் என்பதற்கு மேல் பேசிக்கொண்டதில்லை.

அவன் கையேட்டை மேசையில் வைத்தான். அவள் நிமிரவில்லை.

"இந்த மாசம் எந்தப் பொய்?"

பக்கத்தைப் புரட்டிக் காட்டினான். அவள் அரத்தைக் கீழே வைத்தாள். அந்த வரியை விரலால் தொட்டாள். அறுபத்தொன்றின்மேல் கறுப்பாக ரேகை விழுந்தது.

"காப்பி அடிச்சுடுவாங்களா?"

"நாளைக்கே அடிச்சுடுவாங்க. மூணு புக்குல வந்துடும்."

"ஆணையம் அடுத்த வருஷமும் இதையே கேட்டா?"

"கேட்கலாம்."

"கீல எது இருக்கும்?"

அப்போது எத்தனை புத்தகங்கள் எதைச் சொல்கின்றன என்பதைப் பொறுத்தது.

"எவளோ ஒருத்தி நாள் முழுக்க உக்காந்து அறுபத்து மூணுன்னு மனப்பாடம் பண்ணியிருப்பா" என்றாள் அக்கா. "அவளுக்கும் அது கடைசித் தடவையா இருக்கும்."

"நிஜத்தைத்தானேக்கா எழுதியிருக்கேன்."

"நிஜம்னா உன் டைரக்டர் அச்சடிச்சாரு? பொய்னுதானே."

கடை வாசலில் ஓர் ஆள் வந்து நின்றார். வீட்டுச் சாவி தொலைந்துவிட்டதாம், புதிதாக ஒன்று வெட்டித் தர வேண்டுமாம். அக்கா கையேட்டை மூடித் தம்பியின் பக்கம் தள்ளினாள்.

"மாதிரிக்கு இன்னொரு சாவி வச்சிருக்கீங்களா?"

"இருந்த ஒண்ணுதாம்மா தொலைஞ்சது."

"அப்ப பூட்டைத்தான் கழட்டிக் கொண்டு வரணும்" என்று சொல்லிவிட்டு அவள் அரத்தைக் கையில் எடுத்தாள்.