இடது பக்கத்துப் பொன் தகடு

கிளேட்டன் ஃபால்ஸ் ஊரில் ஜூலை மாதத்து இரண்டாவது சனிக்கிழமை பழைய கார்களுக்கானது. நீதிமன்றப் புல்வெளியைச் சுற்றி அவை வரிசையாக வந்து நிற்கும். ஊர் ஜனங்கள் ஹாட் டாக்கைக் கடித்துக்கொண்டே சுற்றிப் பார்த்து, பிடித்த வண்டியின் எண்ணைச் சீட்டில் எழுதி, கொடிமரத்தடியில் இருக்கும் காபி டப்பாவில் போடுவார்கள். வண்டிக்காரர்களுக்கும் ஆளுக்கு ஒரு சீட்டு உண்டு. சொந்த எண்ணை மட்டும் எழுதக் கூடாது.

முப்பத்தொரு வருடமாகப் பதினான்காம் எண் லைல் ஹூக்ஸ்ட்ராவின் இளநீல ஷெவர்லே, ஊர் வாயில் ஷெவி. பதினைந்து வெர்ன் கஸ்மாரெக்கின் ஃபோர்டு, கீழே சிவப்பு, மேலே வெள்ளை. இரண்டும் 1957ஆம் வருடத்து வண்டிகள். இரண்டுக்கும் நடுவே மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்து, சிநேகிதர்கள் இருவரும் மாலை வரை ஒருவர் வண்டியை ஒருவர் கிழிகிழியென்று கிழிப்பார்கள். அதைக் கேட்கவே ஒரு கூட்டம் கூடும்.

"உன்னுது என்னடா வண்டி? அம்பத்தஞ்சுலேருந்து கம்பெனிக்காரன் மூணு வருஷமா ஓட்டின அதே பழைய உடம்பு. மூக்குல ரெண்டு தோட்டாவைச் சொருகி, முதுகுல ரெண்டு துடுப்பை ஒட்டிப் புதுசுன்னு வித்துட்டான். அலமாரிக்கு ரெக்கை கட்டினாப்பல இருக்கு" என்பார் வெர்ன்.

"உன்னுது மட்டும் என்னவாம்? வெயில்ல நீட்டிப் படுத்த முதலை. பின்னாடி விளக்குன்னு ரெண்டு முட்டைக்கண்ணு வேற" என்பார் லைல்.

வாய் இப்படிப் பேசினாலும் முடிவு பெரும்பாலும் ஒன்றுதான். ஷெவி முதலில், ஃபோர்டு நூலிழையில் இரண்டாவது. அந்த நூலிழைக்கும் ஒரு காரணம் இருந்தது. ஃபோர்டின் விலாவில் நீளவாக்கில் ஒரு கோடு ஓடி, கதவருகே சற்றே இறங்கி மறுபடி நிமிரும். அந்தக் கோட்டுக்குள் பொன்னிற அலுமினியத் தகடு பதிந்திருக்கும். வெர்ன் வாங்கும்போதே இடது பக்கத்துப் பின்தகடு இல்லை. நாலு கதவு வண்டித் தகடு கிடைக்கும்; வெர்னுடையது ரெண்டு கதவு வண்டி, அதற்கு அளவு வேறு. வெர்ன் தகரத்தை வெட்டி, தங்கப் பெயின்ட் அடித்துச் சொருகியிருந்தார். பத்தடி தள்ளி நின்றால் தெரியாது. கிட்டே வந்தால் தங்கச் சங்கிலியில் கோத்த பித்தளைக் காசு போலக் காட்டிக்கொடுக்கும். இந்த ஊரில் யாரும் கிட்டே வராமல் சீட்டு எழுதுவதில்லை.

இந்த வருடம் வெர்ன் ஃபோர்டை ஓட்டி வரவில்லை. மனைவி ஆர்லீன் ஓட்டி வந்தாள். வெர்னுக்குக் கண்ணின் நடுப்பார்வை போய்விட்டது. நேரே பார்த்தால் ஒரு சாம்பல் வட்டம். ஓரங்களில் மட்டும் கொஞ்சம் வெளிச்சம், கொஞ்சம் நிறம். டாக்டர் கையை விரித்துவிட்டார்.

லைல் அன்று காலை எல்லோருக்கும் முன்னால் வந்திருந்தார். கையில் பழைய துண்டில் சுற்றிய நீளமான பொட்டலம்.

"வெர்ன், அசையாம உக்காரு. உன் வண்டிக்கு ஒரு சாமான் கொண்டாந்திருக்கேன்."

பெயின்ட் தகரத்தைக் கழற்றி, துண்டைப் பிரித்து, உள்ளே இருந்ததை ஒவ்வொரு கவ்வியாக அழுத்திப் பொருத்தினார். பத்து நிமிட வேலை. பிறகு வெர்னின் கையைப் பிடித்து அதன் மேல் வைத்தார்.

வெர்னின் விரல்கள் முன்கதவிலிருந்து மெல்லப் பின்னால் போயின. பழைய தகரம் தொடங்கும் இடத்தில் எப்போதும் ஒரு தட்டு தட்டும். இன்று தட்டவில்லை. விரல்கள் திரும்ப வந்து மறுபடியும் தடவிப் பார்த்தன.

"இது... அசலாடா?"

"அசல்தான்."

"ரெண்டு கதவு வண்டியோடதா?"

"ஆமாப்பா."

"எங்கடா புடிச்சே?"

"இந்த மே மாசம்... ஓஹையோ பழைய சாமான் சந்தையில" என்றார் லைல். வாயில் தயாராக வைத்திருந்த பொய் வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது.

வெர்ன் காரின் மேல் நெற்றியைச் சாய்த்துக் குழந்தை மாதிரி அழுதார். அத்தோடு விட்டாரா என்றால் இல்லை. அன்று காலை முழுவதும் வருகிறவர் போகிறவர் எல்லோரையும் கூப்பிட்டு நிறுத்தினார். "இதோ பாருங்க, எதிரி வண்டிக்காரன் எனக்காகத் தேடிப் புடிச்சுக் கொண்டாந்திருக்கான். இந்தக் காலத்துல எவன் செய்வான்?" ஆர்லீன் லைலின் கன்னத்தில் முத்தமிட்டு, வீட்டில் சுட்ட செர்ரிப் பழப் பலகாரத்தில் பெரிய துண்டாக வெட்டிக் கொடுத்தாள். லைல் அதைத் தட்டோடு நாற்காலிக்கு அடியில் வைத்துவிட்டார்.

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பது சும்மா இல்லை. அந்தத் தகடு மே மாதத்தில் வாங்கியதல்ல. வாங்கி ஆறு வருடம் ஆகிறது.

ஓஹையோ சந்தை என்பது மட்டும் உண்மை. ஆறு வருடத்துக்கு முன் ஓர் அக்டோபரில், துருப்பிடித்த பம்பர்க் குவியலுக்கு அடியில் அது கிடந்தது. பார்த்ததும் லைல் குதித்தார். கிறிஸ்துமஸுக்கு வெர்னிடம் கொடுத்து, அவன் முகம் போகும் போக்கைப் பார்க்க வேண்டும் என்றுதான் வாங்கினார், அது சத்தியம். ஆனால் அந்த வருட ஜூலையில் ஷெவி ஜெயித்தது நாலே ஓட்டில். கிறிஸ்துமஸ் வந்தபோது மனம் கணக்குப் போட்டது: அடுத்த ஜூலை முடியட்டும், பிறகு கொடுப்போம். அடுத்த ஜூலை முடிந்தது, அதற்கடுத்ததும் முடிந்தது. தகடு கராஜின் பரணில் துண்டுக்குள் படுத்திருந்தது. பிறகு கொடுப்பதே கஷ்டமாகிவிட்டது. இத்தனை நாள் எங்கே வைத்திருந்தாய் என்று கேட்டால்? இரண்டு வருடம் முன்பு வெர்ன், "எழுத்தெல்லாம் கோணலாத் தெரியுதுடா" என்றார். அப்போதும் லைல் பரணுக்கு ஏணி போடவில்லை. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்களே, அதை அவர் இன்னொருவன் கண்ணை வைத்துச் செய்திருக்கிறார்.

மதியம் கூட்டம் சாப்பிடப் போனதும் வெர்ன் நாற்காலியை ஃபோர்டின் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

"லைல், எனக்கு ஒரு உதவி பண்ணு. எப்படி இருக்குன்னு சொல்லு. ஆர்லீன் நல்லாருக்குங்கிறா. அவ எல்லாத்தையும் நல்லாருக்கும்பா. நீ பொறாமை புடிச்சவன். நீ சொன்னாத்தான் நம்புவேன்."

லைல் எழுந்து நின்றார். இந்த வண்டியை முப்பத்தொரு வருடமாகக் கேலி செய்யவே பார்த்திருக்கிறார். சொல்வதற்காகப் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

"தாழ்வா இருக்குடா. என்னுது நிமிந்து நிக்குது, பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி. உன்னுது ஓட ஆரம்பிச்சாச்சு, நின்னுக்கிட்டே ஓடுது. முன்விளக்கு மேலருந்து ஒரே இழுப்பு. என்னுதுல துடுப்பு சட்டுனு முளைச்சு நிக்கும். உன்னுதுல அது கதவுகிட்ட எங்கயோ ஆரம்பிச்சு, எங்கன்னே தெரியாம மெல்ல எழும்பி, வெளிப்பக்கமாச் சாயுது."

"தகடு?"

"என்னோடது வெள்ளி, கோடுகோடா, துடுப்புல மட்டும். அது வெறும் நகைடா. மாட்டினா மாட்டினதுதான். உன்னோட பொன்னு அப்படியில்ல. அந்தச் சிவப்பு எங்க முடியணும், வெள்ளை எங்க ஆரம்பிக்கணும்னு அதுதான் சொல்லுது. கதவுகிட்ட இறங்குதே, அங்க வெயில் தங்கி நிக்குது. இப்ப முழுசா ஓடுதுடா, ஒடையாம."

வெர்ன் தலையை ஒரு பக்கமாகத் திருப்பி, கடைக்கண்ணின் வெளிச்சத்தில் அந்தப் பொன்னைப் பிடிக்கப் பார்த்தார். பிடிபடவில்லை போலும், கையை நீட்டித் தொட்டுக்கொண்டார். லைல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"சரி, என் சீட்டை எழுது. எனக்குத்தான் கண்ணு தெரியாதே" என்றார் வெர்ன். "பதினாலு."

"பதினாலா? அது என் வண்டிடா."

"அப்புறம்? வருஷா வருஷம் அதைத்தானே எழுதறேன். நல்ல வண்டிய நல்ல வண்டின்னுதானே எழுதணும். வாயில சொன்னா நீ தாங்கமாட்டே, தலைக்கனம் ஏறிடும்." சிரித்தார். "நீயும் எனக்குத்தானே போடறே?"

முப்பத்தொரு வருடமாக லைலின் சீட்டு மூலையில் நிற்கும் ஏதாவது ஒரு பழைய லாரிக்குப் போகும். எந்த வண்டிக்குப் போட்டால் ஃபோர்டு மேலே வராதோ, அதற்கு.

லைல் வெர்னின் சீட்டில் பதினான்கு என்று எழுதினார். எழுதிய பிறகு அந்தச் சீட்டைப் பிடித்திருக்க முடியவில்லை.

"வெர்ன், இதை மே மாசம் வாங்கல."

"எதை?"

"தகட்டை. வாங்கி ஆறு வருஷம் ஆச்சு. என் பரணுல கெடந்துச்சு. உனக்குக் குடுக்கத்தான் வாங்கினேன். குடுத்தா நீ ஜெயிச்சிடுவியேன்னு வச்சுக்கிட்டேன். அவ்வளவுதான், வேற காரணம் கிடையாது. நான் ஒரு கேடுகெட்டவன்டா."

வெர்னின் கை தகட்டின் மேலேயே இருந்தது. எதிரே யாரோ ஒருவர் ஒலிபெருக்கியில் எலுமிச்சைச் சாறு இலவசம் என்று கத்தினார்.

"ஆறு வருஷமா?" என்றார் வெர்ன்.

"ஆமா."

"அப்ப எனக்குக் கண்ணு நல்லாத் தெரிஞ்சுதே, லைல்."

அவர் கோபமாகச் சொல்லியிருந்தால் லைல் பிழைத்திருப்பார். யாரோ மூன்றாம் மனிதனுக்கு நடந்ததைக் கணக்குப் பார்ப்பதுபோல் சொன்னார்.

லைல் சீட்டைக் கிழிக்கப் போனார். காகிதச் சத்தம் வெர்ன் காதுக்கு எட்டிவிட்டது.

"என்ன பண்றே? கிழிக்காதே. கொண்டுபோய் டப்பாவுல போடு."

"எப்படிடா போடுவேன்?"

"ஓட்டு வண்டிக்கு. உனக்கில்ல. வண்டி என்ன பாவம் பண்ணுச்சு?"

லைல் தன் சீட்டில் பதினைந்து என்று எழுதினார். இரண்டு சீட்டையும் எடுத்துக்கொண்டு கொடிமரத்தடிக்கு நடந்து, டப்பாவில் போட்டார். திரும்பி வீட்டுக்கே போய்விடலாமா என்று ஒரு கணம் நின்றார். அங்கிருந்து பார்த்தபோது வெர்ன் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தார். பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது.

திரும்பி வந்து உட்கார்ந்தார். வெர்ன் அவர் பக்கம் திரும்பவில்லை.

"பின்பக்கம் இன்னும் நீ சொல்லல" என்றார்.

"பின்னாடி..." என்று தொடங்கிய லைல் தன் நாற்காலியையும் ஃபோர்டின் பக்கம் திருப்பினார். "பின்னாடி ரெண்டு விளக்கு, வெர்ன். வட்டமா, பெருசா, சிவப்பா."

முட்டைக்கண் என்று அவர் சொல்லவில்லை. வெர்ன் சிரிக்கவும் இல்லை. "ம், சொல்லு" என்றார். மாலை முடிவு சொல்லக் கூப்பிடும்வரை லைல் சொல்லிக்கொண்டே இருந்தார்.