முட்டுகளுக்கு நடுவே

வெயில் ஏறுவதற்குள் மணல் மேலே போயாக வேண்டும். வெயில் வந்துவிட்டால் இரும்புச் சட்டி கையைச் சுட்டுவிடும். ஈஸ்வரி சும்மாட்டை இறுக்கிச் சுற்றித் தலையில் வைத்து, சட்டியை ஏற்றிக்கொண்டு சாரப் பலகையில் கால் வைத்தாள். பலகை வளைந்து கொடுத்தது. பின்னால் செண்பகத்தின் மூச்சு இரைப்பது கேட்டது. கும்மிடிப்பூண்டிப் புகை விடியற்காலையில்தான் தாழ இறங்கும். மூச்சை இழுத்தால் தொண்டையில் துரு ருசி தட்டும். கட்டுவது விடுதி, தொழிற்சாலைக்கு வரப்போகும் பெண்பிள்ளைகள் தங்குவதற்கு. கட்டுகிறவர்கள் தங்குவது தகரக் கொட்டகையில். அதைப் பற்றி யாருக்கும் வெட்கம் கிடையாது.

போன வாரம்வரை அந்த வரிசையில் அஞ்சம்மாளும் இருந்தாள். கான்கிரீட் இறுகும்வரை முகப்புத் தளத்தைத் தாங்கி நிற்கவேண்டிய முட்டுகளைச் சீக்கிரமே உருவிவிட்டார்கள். கீழே செங்கல் அடுக்கிக்கொண்டிருந்தவள்மேல் தளம் இடிந்து விழுந்தது. தொடை எலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். காண்ட்ராக்ட் எடுத்த முதலாளி பரசுராமன் ஆப்பிளோடு போய்ப் பார்த்துவிட்டு வந்தார். வந்தவர் வாசலில் நிற்கும் பெயர்ப் பலகையைக் கை காட்டினார்.

"படம் போட்டவங்க பேரு அங்க கீது. அவங்களக் கேளுங்க."

பலகையில் இருந்தது கட்டடக்கலைஞர் கல்பனாவின் பெயர்.

அந்தப் பெயர் சும்மா ஏறிவிடவில்லை. முன்பு ஒருநாள் கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலின் பெண்கள் பெட்டியில், சுருட்டிய வரைபடங்கள் நெரிசலில் கசங்காமல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்ற மூன்று பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். மீஞ்சூரில் சொந்த அலுவலகம் நடத்தும் சந்திரகலா, தொழிற்கூடங்களுக்குப் படம் போடும் சத்யா, கல்பனா. பெண் கட்டடக்கலைஞர் சங்கம் அப்படித்தான் தொடங்கியது. பெட்டிதான் அலுவலகம். கர்ப்பமான சத்யாவை வேலையைவிட்டு நிறுத்தியபோது கூட்டமாகப் போய் நின்று திரும்பச் சேர்க்க வைத்தார்கள். அடுத்து பெயருக்காக நின்றார்கள். படம் போடுவது பெண், பலகையில் பெயர் மட்டும் ஆணுக்கா என்று பரசுராமனிடமே போய்க் கேட்டார்கள். கல்பனா பெயர் ஏறிய அன்று ரயிலில் எல்லோருக்கும் மைசூர்பாகு. சங்கத்தில் சேர பட்டமும் பதிவும் வேண்டும் என்று விதி வேறு வைத்தார்கள். சங்கம் என்றால் மதிப்பு வேண்டாமா! அந்த மதிப்போடு அவர்கள் ஒரு சித்தாளிடமும் உட்கார்ந்து பேசியதில்லை.

அன்று காலை கல்பனா உள்ளே நுழைந்ததும் ஈஸ்வரி சட்டியை இறக்காமலே வழிமறித்தாள்.

"இன்னா மேடம், அஞ்சம்மாவப் போயி பாத்தியா?"

"பாத்தேன்க்கா. மூஞ்சியத் திருப்பிக்கிட்டாங்க."

"பின்ன? ஒன் பேருதான பலகையில கீது?"

"முட்ட எடுக்காதீங்கன்னு முதலாளிக்கு ஃபோன்ல சொன்னேன். சரின்னாரு. நம்பிட்டு ஆபீஸ்லயே இருந்துட்டேன்."

"ஃபோன்ல சொன்னியா?" ஈஸ்வரி சிரித்தாள். நல்ல சிரிப்பில்லை அது. "நீ அங்க ஃபோன்ல சொல்லிக்கினு இருந்த. அவ இங்க அடியில நின்னுக்கினு இருந்தா."

கல்பனாவுக்கு அழுகை வந்தது, அடக்கிக்கொண்டாள்.

அதற்குள் பரசுராமனின் கார் வந்துவிட்டது. இறங்கும்போதே, முட்டும் பலகையும் அடிக்கும் சென்ட்ரிங் மேஸ்திரி மணிகண்டனைக் கூப்பிட்டார்.

"மணி, ஹால் முட்டெல்லாம் இன்னிக்கே பிரி. மேல்மாடிக்கு வோணும்."

"சார், வேணாம்," என்று குறுக்கே வந்தாள் கல்பனா. "கான்கிரீட் இன்னும் பச்சையா இருக்கு. இன்னும் ஒரு வாரமாவது நிக்கணும்."

"அடுத்த மாசம் கம்பெனிக்காரன் பொண்ணுங்கள கொணாந்து எறக்குறான். அவனுக்கு நீ பதில் சொல்லுவியா?"

"தளம் விழுந்தா?"

"விழுந்தா பலகையில பேரு கீதே! பேரு வோணும், பேரு வோணும்னு நாலு பேரக் கூட்டிக்கினு வந்து நின்னியே, பேருன்னா இன்னான்னு நெனச்ச? மாலை மரியாதையா? இஷ்டமில்லன்னா இப்பவே கெளம்பு."

கல்பனா சந்திரகலாவை ஃபோனில் அழைத்தாள். சந்திரகலா பதறினாலும் தயங்கினாள். "நோட்டீஸ் அனுப்பலாம். அதிகாரிங்களுக்கு எழுதலாம். சைட்ல போய் தகராறு பண்றது நம்ம சங்கத்து வேலையில்ல, கல்பனா."

"எழுதிப் பதில் வர்றதுக்குள்ள தளம் கீழ வந்துரும்க்கா. நான் அடியில போய் உக்காரப்போறேன். ஆள் இருந்தா முட்ட எடுக்க மாட்டாங்க."

சொன்னபடியே குனிந்து போய், சவுக்கு முட்டுகளுக்கு நடுவே ஈர மண்ணில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் பக்கத்துத் தெருவில் வேலை பார்க்கும் சத்யா செய்தி கேட்டு ஓடிவந்து அவளருகே உட்கார்ந்தாள். அடுத்த ரயிலில் சங்கத்துப் பெண்கள் இன்னும் சிலர். கடைசியாக ஆட்டோவில் சந்திரகலா.

பரசுராமன் சிரித்த முகத்தோடு எதிரே போனார். "வாங்க மேடம். நீங்களாவது இதுங்களுக்குப் புத்தி சொல்லுங்க. நம்ம குடோன் வேல ஒங்ககிட்டதான கீது? மறந்துராதீங்க."

சந்திரகலா மறக்கவில்லை. அந்த வேலை போனால் அலுவலகத்தை மூட வேண்டியதுதான். அவள் முகம் வெளுத்துப் போயிருந்ததை எல்லோரும் பார்த்தார்கள்.

"குடோன வேற யார்கிட்டயாவது குடுத்துருங்க சார்," என்று சொல்லிவிட்டுச் செருப்பைக் கழற்றிப் போட்டு உள்ளே குனிந்தாள்.

உட்கார்ந்த வேகத்தில் ஒரு முட்டில் முதுகைச் சாய்க்கப் போனாள்.

"ஏம்மா, முட்டுல சாயாத! நடுவுல ஒக்காரு!" வெளியிலிருந்து ஈஸ்வரி கத்தினாள். கத்தியவள் சட்டியை இறக்கினாள். சும்மாட்டை உதறித் தோளில் போட்டாள்.

"கூலி பூடும்டி," என்று செண்பகம் கையைப் பிடித்தாள்.

"அஞ்சம்மாவுக்குக் காலே பூட்ச்சு."

ஈஸ்வரி உள்ளே வந்தாள். சற்று நின்று யோசித்துவிட்டுச் செண்பகமும் வந்தாள். மற்ற சித்தாள்களும் ஒவ்வொருவராக வந்தார்கள்.

"ஒன்ன நம்பி வர்ல," என்றாள் ஈஸ்வரி கல்பனாவிடம். "இது எங்க மண்ட மேல கீற தளம். ஆமா, ஒங்க சங்கத்துல நாங்கள்லாம் சேர முடியாதாமே?"

சந்திரகலாதான் பதில் சொன்னாள். "முடியாதுன்னு நாங்கதான் எழுதி வச்சோம். தப்புதான். மாத்தணும்."

"அத பொறவு பேசிக்கலாம். தள்ளி ஒக்காரு, எடம் வுடு."

பரசுராமன் போலீசுக்கு ஃபோன் போட்டபடியே மணிகண்டனைப் பார்த்து உறுமினார். "இன்னாடா பாத்துக்கினு கீற? ஓரத்துலர்ந்து தட்டு. தானா எந்திரிச்சு ஓடுவாளுங்க."

மணிகண்டன் சுத்தியலோடு ஓரத்து முட்டுவரை வந்தான். முகப்புத் தளத்தின் முட்டைத் தட்டியதும் அவன் கைதான். அன்றிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை. குனிந்து உள்ளே பார்த்தான். பட்டம் படித்த பெண்களும் மண் சுமக்கும் பெண்களும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். எல்லோர் கண்ணிலும் பயம் இருந்தது. ஒருத்தியும் எழுந்திருக்கவில்லை.

"அக்கா, எனக்கும் புள்ளக்குட்டி கீது," என்றான் தணிந்த குரலில். "தட்டலன்னா என்னத் தொரத்திடுவான். போலீசு வந்து கேட்டா நான் இன்னான்னு சொல்றது?"

"கீழ ஆளு கீதுன்னு சொல்லு," என்றாள் ஈஸ்வரி.

மணிகண்டன் நிமிர்ந்தான். முதலாளியைப் பார்க்கவில்லை. சாரத்தின்மேல் நின்ற தன் ஆட்களைப் பார்த்து, தொண்டை கிழியக் கத்தினான்.

"கீழ ஆளு கீது!"

மேலே இருந்தவன் அதை அடுத்தவனுக்குச் சொன்னான். அவன் அதற்கு அடுத்தவனுக்கு. ஒவ்வொருவராகச் சுத்தியலைக் கீழே வைத்தார்கள்.