தோள் கொடுத்தால் திறக்கும் கதவு

நாங்கள் குடிவந்த காலத்தில் அந்தத் தெருவுக்குள் டாக்ஸிக்காரர் வரமாட்டார். முனையிலேயே இறக்கிவிட்டுப் போய்விடுவார். துறைமுகத்துத் தார் நாற்றம், மீன் நாற்றம், எலி. வாடகை குறைச்சல் என்றுதான் வந்தோம். பிறகு கிடங்குகள் ஒவ்வொன்றாகக் காபிக் கடைகளாயின. ஒருநாள் நகராட்சி ஆட்கள் வந்து எங்கள் சுவரில் ஒரு பித்தளைத் தகட்டை அடித்துவிட்டுப் போனார்கள். அதுவரைக்கும் ஓட்டை வீடு, மறுநாளிலிருந்து பாரம்பரிய வீடு! இனி வாசல் பக்கம் எதையும் மாற்றக் கூடாதாம், கதவு உட்பட. மாற்ற வேண்டும் என்று இங்கே யார் அழுதார்கள்?

அந்தக் கதவு ஒரு தனிப் பிறவி. மழை பெய்தால் மரம் உப்பி இறுகிக்கொள்ளும். சாவியைத் திருப்பி, இடது தோளைக் கொடுத்து, லேசாகத் தூக்கினால் ஒரு முனகல் முனகிவிட்டுத் திறக்கும். என் வீட்டுக்காரர் கப்பல் பட்டறையில் தச்சர். இழைத்துவிடுங்கள் என்றால், வெயில் காலத்தில் இடுக்கு விழும் என்பார். "அதுக்கும் வயசாகுதில்ல, கொஞ்சம் முனகிட்டுப் போகட்டுமே."

வீட்டுச் சொந்தக்காரர் வெளிநாட்டில் இருந்தார். விற்கப்போகிறேன் என்று அவர் சொன்னதும் எங்களிடம் இருந்ததையெல்லாம் வழித்தெடுத்து ஒரு விலை சொன்னோம். நல்ல மனுஷர்தான். "புரோக்கர் ஒரு ஞாயித்துக்கிழமை வீட்டைத் திறந்து காட்டணுங்கிறார். அதுல யாரும் கேக்கலைன்னா நீங்க சொன்ன விலைக்கே உங்களுக்குத்தான்" என்றார்.

யாரும் கேட்கக் கூடாது. அவ்வளவுதான் எங்களுக்கு வேண்டியது.

வருகிறவர்களிடம் வீட்டின் குறைகளை எடுத்துச் சொல்ல, சனிக்கிழமை சாப்பிடும்போது ஒத்திகை பார்த்தோம். கதவு, மாடிப்படி, சுவரின் ஈரம் அவர் பொறுப்பு. சமையலறை இருட்டு, கப்பல் சங்குச் சத்தம் என் பொறுப்பு.

"பெருமை பேசாம வாயை வச்சுக்கிட்டு சும்மா இருப்பீங்களா?" என்று கேட்டேன்.

"நீ இருப்பியான்னு பாரு" என்றார்.

கடவுள் புண்ணியத்தில் ஞாயிறு நல்ல மழை. வந்தவர்களில் பாதிப்பேர் கதவைத் தள்ளிப் பார்த்தே முகம் சுளித்தார்கள். மீதிப்பேரை ஈரச் சுவர் பார்த்துக்கொண்டது. கடைசியாக ஒரு பெண் நின்றாள். பல் டாக்டராம். ஓட்டை கண்டுபிடிப்பதே தொழிலாக இருப்பவளுக்கு நம் வீடு எம்மாத்திரம் என்று நானும் நிம்மதியாக இருந்தேன்.

மாடிப்படியில் கால் வைத்தவள், "இது ஆடுதே, அங்கிள்?" என்றாள்.

ஆமாம் என்று சொல்லிவிட்டுப் போகவேண்டியதுதானே?

"ஆடுதா? என் படியா?" மனுஷர் மேலே ஏறிக் குதித்தே காட்டிவிட்டார். "கப்பலுக்குப் போடற மரம்மா இது! நானே போட்டேன். உன் பேரப்பிள்ளைங்க ஓடினாலும் அசையாது!"

அவர் முழங்கையைக் கிள்ளி இழுத்துவிட்டு அவளைச் சமையலறைக்கு அழைத்துப் போனேன். காரியத்தை நானாவது ஒழுங்காக முடிக்கலாம் என்று.

அவள் சுற்றிப் பார்த்தாள். "சின்னதா இருக்கு. இந்த ஜன்னலை அடைச்சிட்டா அலமாரி வைக்கலாம், இல்ல ஆன்ட்டி?"

எனக்கு எங்கிருந்து வந்ததோ அந்தக் கோபம்.

"அடைக்கிறதா! நல்லாயிருக்கே கதை! காலையில இங்க வந்து நின்னு பாரு. கப்பல் விளக்கெல்லாம் ஒண்ணொண்ணா அணையும். அப்புறம் வெயில் நேரா இந்த மேடையில வந்து விழும். என் பொண்ணு சின்னப் பிள்ளையில இதுமேல உக்காந்துதான் பால் குடிப்பா. சங்கு ஊதினா கைதட்டுவா. இதைப் போய் அடைக்கிறாளாமே!"

பேசி முடித்து மூச்சு வாங்கும்போதுதான் உறைத்தது. புரோக்கர் சிரித்துக்கொண்டிருந்தார். அந்தப் பெண் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தபடி நின்றாள். சமையலறை வாசலில் நின்ற என் வீட்டுக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

மறுநாளே அவள் எங்களைவிடக் கூடச் சொல்லி வாங்கிவிட்டாள். அன்றைக்கு நான் அடுப்பே மூட்டவில்லை. அவர்தான் கஞ்சி வைத்துக் கொடுத்தார். "ரெண்டு பேரும் சேர்ந்துதானே வித்தோம். கமிஷன் கேப்போமா?" என்றார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

சாவி கொடுக்கும்போது தன் போன் நம்பரையும் அவளிடம் எழுதிக் கொடுத்தார். "சம்பளமில்லாத வேலைக்காரனா?" என்று திட்டினேன்.

இப்போது இருப்பது ஊருக்கு வெளியே, அடுக்குமாடியில். குறை சொல்ல ஒன்றுமில்லை. கதவு தொட்டால் திறக்கும், சத்தமே இல்லை. அவர் வந்ததுகூடத் தெரியாமல் நான் அடிக்கடி திடுக்கிடுகிறேன்.

நேற்றுச் சாயங்காலம் நல்ல மழை. அவர் போன் அடித்தது. பல் டாக்டர்.

"அங்கிள், வெளியிலேயே நிக்கிறேன், கதவு திறக்கவே மாட்டேங்குது. மாத்தவும் விடமாட்டேங்கிறாங்க. நனைஞ்சிட்டேன்!"

அவர் போனை ஸ்பீக்கரில் போட்டு மேஜைமேல் வைத்தார். "பயப்படாதேம்மா. சாவியைத் திருப்பு. இடது தோளை வை. தள்ளாதே, தூக்கு. தூங்கற குழந்தையைத் தூக்கற மாதிரி, மெதுவா."

மழைச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அந்த முனகல். நீளமாக, அதே முனகல். அவர் இடது தோள் தானாக உயர்ந்து இறங்கியதைப் பார்த்தேன்.

"திறந்துடுச்சு அங்கிள்! ரொம்ப தேங்க்ஸ்!"

போனை அணைக்கப்போன அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"என்னங்க, இன்னொரு தடவை சாத்திட்டுத் திறக்கச் சொல்லுங்க."